அப்பாவின் காலுக்கு ‘மைசெட்டோமா’ என்று எழுதியிருக்கிறார்கள், தமிழில் இதை எப்படிச் சொல்வது?

செக்கானூரணி மல்லி:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் செக்கானூரணிக்குப் பக்கம், அப்பாவுக்கு 58 வயது, மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறார், விடியக்காலையில் பூப்பறிக்கப் போகும்போது செருப்புப் போடுகிற பழக்கமே அவருக்குக் கிடையாது. நாலு வருஷத்துக்கு முன்னால் வேலியில் இருந்த சீமைக்கருவேல முள் வலது உள்ளங்காலில் ஏறி ஒடிந்துவிட்டது. எருக்கம்பால் வைத்தார், முள் வந்ததா வரவில்லையா என்று அவருக்கே நினைவில்லை. அப்புறம் அந்த இடத்தில் கெட்டியாக ஒன்று வந்தது, கால் ஆணி என்று நினைத்து விட்டுவிட்டோம். வலி இல்லை, அதனால் அவரும் கண்டுகொள்ளவில்லை. இப்போது பாதமே மேல்பக்கமும் கீழ்பக்கமும் உப்பி, போன தை மாதத்திலிருந்து நாலைந்து இடத்தில் சிறு சிறு கண் வைத்து நீர் வடிகிறது. நீரோடு சில நாள் ரவை மாதிரி ஏதோ வருகிறது, வெள்ளைத் துணியில் துடைத்தால் விரலுக்கு நறநறவென்று தட்டுப்படும்.

ஒரு வழியாகச் சம்மதிக்கவைத்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, அந்த ரிப்போர்ட்டும் வந்துவிட்டது. டாக்டருக்கு அன்றைக்கு நல்ல கூட்டம், இரண்டு நிமிஷம்தான் பேசினார், எனக்குப் பாதி புரியவில்லை. சீட்டிலும் ரிப்போர்ட்டிலும் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்: மைசெட்டோமா, மல்டிபிள் டிஸ்சார்ஜிங் சைனஸ், கிரெய்ன்ஸ், சப்பியூரேட்டிவ் கிரானுலோமா, கடைசியில் ‘ரூல் அவுட் ஆஸ்டியோமைலிடிஸ்’. சைனஸ் என்றால் மூக்கில் வருவதுதானே, காலுக்கு ஏன் எழுதியிருக்கிறார்கள்? ‘ஓமா’ என்று முடிந்தால் கட்டி என்று போனில் தேடியதில் வந்தது, அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

அதைவிடப் பெரிய கஷ்டம் வீட்டில். தெருவில் ஒருவர் யானைக்கால் என்றார். ஒரு பெரியம்மா ‘இது பெருவியாதி மாதிரி இருக்கே’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து அம்மா அப்பாவுக்குத் தட்டும் டம்ளரும் தனியாக வைக்கிறார், அப்பாவும் திண்ணைக்கு வராமல் உள் அறையிலேயே இருக்கிறார். இது இன்னதுதான் என்று இரண்டு பேருக்கும் தமிழில், அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லவேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோரிப்பாளையம் லேப் அக்கா:

தம்பி, முதலில் ஒன்று, இது புற்றுநோய் இல்லை. நான் 30 வருஷம் ஆய்வகத்தில் இருந்து ஓய்வுபெற்றவள், டாக்டர் இல்லை, அதனால் மருந்து பற்றிப் பேசமாட்டேன், சொற்களை மட்டும் பிரித்துச் சொல்கிறேன்.

மைசெட்டோமாவில் ‘மைசெட்’ என்பது பூஞ்சையைக் குறிக்கிற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ‘ஓமா’ என்றால் திரட்சி, வீக்கம் என்று வைத்துக்கொள். அந்த விகுதி வந்தாலே கேன்சர் என்று அர்த்தமில்லை. ரத்தம் கட்டிக்கொண்டால் ஹீமாட்டோமா என்கிறோம், அது என்ன கேன்சரா? கிரானுலோமாவும் அப்படித்தான், உள்ளே புகுந்த கிருமியை உடம்பின் அணுக்கள் சூழ்ந்து கோட்டை கட்டின மாதிரி திரண்டிருப்பது. சப்பியூரேட்டிவ் என்றால் அதற்கு நடுவில் சீழ் இருக்கிறது.

சைனஸ் என்றால் உள்ளே ஓடுகிற குழி அல்லது பாதை. மூக்கைச் சுற்றி எலும்புக்குள் குழிகள் இருப்பதால் அதற்கும் அந்தப் பெயர். அப்பா காலில் ஆழத்திலிருந்து தோல் வரை பாதை போட்டுக்கொண்டு வந்து கண் திறந்திருக்கிறது, அதுதான் சைனஸ். டிஸ்சார்ஜிங் என்றால் வடிகிறது. ‘ரூல் அவுட்’ என்று பார்த்ததும் அந்த நோய் வந்துவிட்டதாகப் பலர் பதறுவார்கள். ஆஸ்டியோமைலிடிஸ் என்றால் எலும்புக்குள் கிருமி தொற்றுவது. எலும்பு வரைக்கும் போயிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்று உறுதிசெய்துகொள்ளுங்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம். அதற்கு எக்ஸ்ரே எடுப்பார்கள், எம்ஆர்ஐயும் கேட்கலாம்.

இனி முக்கியமான சொல், கிரெய்ன்ஸ். நீ ரவை மாதிரி என்று எழுதினாயே, அதுதான். நாங்கள் குருணை என்போம். கிருமி கூட்டமாகச் சேர்ந்து இறுகிப்போன உருண்டை அது. மருத்துவப் புத்தகத்தில் மூன்று அடையாளம் சொல்வார்கள்: வலியில்லாத வீக்கம், வடிகிற சைனஸ், குருணை. உன் கடிதத்திலேயே மூன்றும் இருக்கிறது. யானைக்காலில் குருணை வராது, அது கொசு மூலம் வருகிற ஃபைலேரியா, வேறு கதை. தொழுநோயிலும் குருணை கிடையாது.

பெயர் மைசெட்டோமா என்று ஒன்றாக இருந்தாலும் உள்ளே இரண்டு நோய் இருக்கிறது, இதை நன்றாகப் படி. ஒன்று நிஜமான பூஞ்சையால் வருவது, யூமைசெட்டோமா. இன்னொன்று பூஞ்சை மாதிரி இழை இழையாக வளர்கிற பாக்டீரியாவால் வருவது, ஆக்டினோமைசெட்டோமா. வெளியிலிருந்து பார்த்தால் கால் ஒரே மாதிரிதான் இருக்கும், மருந்து முழுக்க வேறு. குருணை கறுப்பாக இருந்தால் பூஞ்சை. சிவப்பாக இருந்தால் பாக்டீரியா. வெள்ளையோ மஞ்சளோ என்றால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும். பாக்டீரியாவின் இழை ரொம்பச் சன்னம், ஒரு மைக்ரான் அளவுதான் இருக்கும், பூஞ்சை இழை அதைவிடப் பருமன். நீ எழுதின சீட்டில் இந்த இரண்டில் எது என்ற வார்த்தையே இல்லை. அடுத்த முறை போகும்போது இதை மட்டும் மறக்காமல் கேள்.

இன்னொன்றும் கேள், ‘கல்ச்சருக்குத் தனியாக அனுப்பினீர்களா?’ என்று. எடுத்த சதை முழுவதையும் ஃபார்மலினில், அதாவது சதை கெடாமல் வைக்கிற திரவத்தில், போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், வளர்த்துப் பார்க்க முடியாது. ஒரு துண்டு ஃபார்மலினில், ஒரு துண்டு சலைனில் (சுத்தமான உப்பு நீர்) என்று போகவேண்டும். என் கண் முன்னாலேயே எத்தனையோ தடவை இப்படி வீணாகியிருக்கிறது, பாவம், மறுபடியும் அந்த மனுஷரின் காலைத்தான் கீறவேண்டி வரும். கல்ச்சர் முடிவுக்கு நாலு முதல் ஆறு வாரம் கூட ஆகலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாடிப்பட்டிக்காரன்:

ஃபங்கஸ் என்றால் படர்தாமரை மாதிரிதானே? எனக்குத் தொடையிடுக்கில் வந்தபோது கடையில் ஒரு ட்யூப் வாங்கிப் போட்டேன், இரண்டே நாளில் அரிப்பு நின்றது. அதையே போட்டுப் பார்க்கலாமே.

கோரிப்பாளையம் லேப் அக்கா:

வேண்டாம் தம்பி, தயவுசெய்து வேண்டாம். படர்தாமரைப் பூஞ்சை தோலின் மேல் அடுக்கிலேயே இருக்கும். இது தோலுக்கு அடியில், சதைக்குள், சில சமயம் எலும்பு வரைக்கும் போகிறது, மேலே தடவுகிற களிம்பு அங்கே போய்ச் சேராது. உங்கள் ட்யூபையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள், பெயரில் க்ளோபிடசால், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. அரிப்பும் சிவப்பும் அடங்கும், பூஞ்சை அடியில் சுகமாக வளரும், விட்டதும் இரண்டு மடங்காக வரும். வட்டத்தின் ஓரமெல்லாம் அழிந்து என்ன நோய் என்றே அடையாளம் தெரியாமல் போவதற்கு ‘டீனியா இன்காக்னிட்டோ’ என்றே ஒரு பெயர் இருக்கிறது, மாறுவேஷம் போட்ட படர்தாமரை என்று அர்த்தம். தோல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

மேலூர் கண்மாய்:

தம்பி, நான் இதை அனுபவித்தவன். உன் பதிவைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கு இடது கால், குதிகாலுக்குப் பக்கத்தில். முதலில் ஒரு கிளினிக்கில் கட்டி என்று இரண்டு தடவை கீறிவிட்டார்கள். கீறிய இடம் ஆறும், பக்கத்தில் வேறு கண் திறக்கும். இப்படியே ஒன்றரை வருஷம் போனது. மூன்றாவதாகப் பார்த்த டாக்டர்தான் கட்டுத்துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அதில் ஒட்டியிருந்த மஞ்சள் பொடியைக் காட்டி, இதைத்தான் தேடவேண்டும் என்றார்.

எனக்கு அக்கா சொன்ன பாக்டீரியா வகை. 21 நாள் ஊசி, கூடவே மாத்திரை, அப்புறம் இரண்டு வாரம் மாத்திரை மட்டும், திரும்ப ஊசி, இப்படிச் சுற்றுச் சுற்றாக. ஊசி அமிகாசின், மாத்திரை கோட்ரைமாக்சசோல். அந்த ஊசி காதையும் கிட்னியையும் பாதிக்கலாம் என்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் கிரியாட்டினின், காதுப் பரிசோதனை இரண்டும் பார்ப்பார்கள், அதைத் தவிர்க்காதீர்கள். அந்த மாத்திரை சல்ஃபா வகை, அப்பாவுக்கு சல்ஃபா மருந்து சேராது என்றால் முதலிலேயே சொல்லிவிடு. ஊசி முடிந்தும் மாத்திரை நெடுநாள் ஓடியது. பூஞ்சை வகை என்றால் இட்ராகொனசோல் மாதிரி மருந்து மாதக்கணக்கில், சிலருக்கு அறுவை சிகிச்சையும் சேர்த்து. என்னோடு வார்டில் இருந்த ஒரு பெரியவருக்கு அப்படித்தான் நடந்தது, அவருக்கு நாள் அதிகம் பிடித்தது, ஆனால் கால் இருக்கிறது.

காலை எடுக்கவேண்டி வருமா என்று நீ கேட்கவில்லை, ஆனால் உன் மனசில் அதுதான் ஓடும், எனக்கும் ஓடியது. பல வருஷம் விட்டு எலும்பெல்லாம் அரித்துப்போன பிறகு வருகிறவர்களுக்கு அந்த நிலை வருவதுண்டு. சீக்கிரம் சரியான மருந்து ஆரம்பித்தால் பெரும்பாலும் அது வரைக்கும் போகவேண்டியதில்லை. நடுவில் கண் மூடிவிட்டது என்று மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், நான் ஒரு தடவை நிறுத்தி, மூன்றே மாதத்தில் மறுபடி வடிந்தது.

கோரிப்பாளையத்தில் நம்ம பெரியாஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது. பழைய சீட்டு, ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடு.

திருமங்கலம் தமிழாசிரியர்:

தம்பி கேட்ட ‘தமிழில் என்ன பெயர்’ என்பதற்கு நான் வருகிறேன். இந்த நோய்க்கு உலகமெங்கும் மருத்துவர்கள் சொல்கிற இன்னொரு பெயர் ‘மதுரா ஃபுட்’, அதாவது மதுரைக்கால். 1842-இல் மதுரையில் இருந்த ஜான் கில் என்ற மருத்துவர் இதைப் பற்றி எழுதினார், 1846-இல் கோல்புரூக் என்பவர் மதுரைக்கால் என்ற பெயரால் குறித்தார். மைசெட்டோமா என்ற பெயரைப் பம்பாயில் இருந்த வான்டைக் கார்ட்டர் 1860-இல் வைத்தார். கறுப்புக் குருணை வருகிற பூஞ்சைக்கு மதுரெல்லா என்றும், பாக்டீரியா ஒன்றுக்கு ஆக்டினோமதுரா மதுரே என்றும் பெயர், இரண்டிலும் நம் ஊர் இருக்கிறது. மதுரையிலிருந்து கிளம்பிய நோய் என்று இதற்குப் பொருளில்லை. சூடானிலும் மெக்சிகோவிலும் வெறுங்காலோடு உழுகிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்களுக்கு இதே நோய் வருகிறது. 2016-இல்தான் உலக சுகாதார நிறுவனம் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது. முள் குத்துகிற கால்களுக்கு வருகிற நோய், பட்டியலில் ஏறவே இத்தனை காலம் ஆகியிருக்கிறது, அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

சைனஸுக்கு நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது, புரை. ‘புரையோடிப் போன புண்’ என்று நாம் சொல்வது இதைத்தான். அம்மாவிடம் ‘முள் குத்தின இடத்தில் கிருமி போய்ப் புரையோடியிருக்கிறது’ என்று சொல்லுங்கள், எந்த விளக்கமும் வேண்டாமலே புரியும். ஒரு சொல்லில் மட்டும் ஜாக்கிரதையாக இருங்கள். பழைய சம்ஸ்கிருத நூல்களில் இதற்குப் பாதவல்மீகம் என்று பெயர், வல்மீகம் என்றால் புற்று. கறையான் புற்று மாதிரி மேடும் ஓட்டையுமாகக் கால் ஆகிவிடுவதால் அந்தப் பெயர். அதைத் தமிழாக்கி யாராவது ‘கால்புற்று’ என்று சொன்னால் இந்தக் காலத்தில் வீடே புற்றுநோய் என்று எடுத்துக்கொள்ளும்.

பெரியம்மா சொன்ன சொல்லைப் பற்றியும் சொல்லவேண்டும். நம் ஊரில் தோலில் எது வந்தாலும் குஷ்டம், பெருவியாதி என்று சொல்லிவிடுகிற பழக்கம் எத்தனை பேரைத் தனி அறைக்கு அனுப்பியிருக்கிறது. வெண்குஷ்டம் என்று சொல்லி எத்தனை பெண்களின் கல்யாணம் நின்றது, நிறமி குறைவதற்கும் தொழுநோய்க்கும் துளியும் தொடர்பில்லை, அந்தச் சொல்லை விட்டு வெண்புள்ளிகள் என்று சொல்லவேண்டும் என அரசே சொல்லவேண்டி வந்தது. தொழுநோயாகவே இருந்தாலும் தட்டைப் பிரிக்கத் தேவையில்லை, கூட்டு மருந்து ஆரம்பித்துவிட்டால் அது பரவுவதும் நின்றுவிடும். அப்பாவுக்கு இருப்பதோ அதுவும் இல்லை.

கோரிப்பாளையம் லேப் அக்கா:

ஐயா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள் தம்பி, இது ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. மண்ணிலும் முள்ளிலும் இருக்கிற கிருமி குத்தின வழியாக உள்ளே போகிறது, அவ்வளவுதான். தட்டு, பாய், துண்டு எதிலும் பரவாது. மருத்துவமனைக்குப் போவதற்கு முந்தின ராத்திரி சுத்தமான காஸ் துணியைச் சலைனில் நனைத்து வடிகிற கண் மேல் வைத்துக் கட்டிவிடு. காலையில் அதில் குருணை ஒட்டியிருக்கும், மூடியுள்ள சுத்தமான டப்பாவில் போட்டு எடுத்துப் போ. ஊசியால் நோண்டி எடுக்காதே.

செக்கானூரணி மல்லி:

அக்கா, அண்ணே, ஐயா, எல்லோருக்கும் நன்றி. அப்பாவையும் அம்மாவையும் உட்காரவைத்து ஐயா சொன்ன மாதிரியே ‘புரையோடியிருக்கு, முள்ளுல வந்தது, யாருக்கும் ஒட்டாது’ என்று சொன்னேன். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை, அப்புறம் எழுந்து போய் அந்தத் தட்டைக் கழுவி மற்ற தட்டுகளோடு அடுக்கிவிட்டு வந்தார். அப்பா கேட்டது ஒரே கேள்வி, அப்ப நாளைக்குத் தோட்டத்துக்குப் போகலாமா என்று.

நேற்று ராத்திரி காஸ் கட்டினேன். காலையில் பிரித்தால் ஏழெட்டுக் குருணை, எல்லாம் வெள்ளை, ஒன்றிரண்டு கொஞ்சம் மஞ்சள். டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு இப்போது பெரியாஸ்பத்திரியில் வரிசையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். யூமைசெட்டோமாவா, ஆக்டினோமைசெட்டோமாவா, கல்ச்சர் தனியாகப் போனதா, இரண்டு கேள்வியையும் கையில் எழுதி வைத்திருக்கிறேன். அப்பா பக்கத்தில் புதுச் செருப்போடு இருக்கிறார். டோக்கன் 43, இப்போது 31 போகிறது.