கன்டெய்னர் பில்டில் (புரோகிராமையும் அது ஓடத் தேவையானதையும் ஒரே இமேஜாகக் கட்டுவதில்) மாட்டிக்கொண்ட அனுபவம் உண்டா?

பழைய கெர்னல்:
2024 ஜூலை 1, திங்கள்கிழமை. வெள்ளிக்கிழமை வரை ஒழுங்காக ஓடிய பில்ட், பேக்கேஜ்களை இறக்கும் யம் இன்ஸ்டால் வரியிலேயே விழுந்தது. எங்கிருந்து இறக்கலாம் என்று சொல்லும் மிரர்லிஸ்ட் ஹோஸ்ட் கிடைக்கவில்லையாம். ஆபீஸ் நெட்தான் போய்விட்டது என்று ரூட்டரை இரண்டு தடவை அணைத்துப் போட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் அதுவரை யூடியூபில் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அப்புறம்தான் உறைத்தது. எங்கள் இமேஜுக்கு அடியில் இருந்த லினக்ஸ் சென்ட்ஓஎஸ் 7. அதற்கு முந்தின நாளோடு ஆயுள் முடிந்திருந்தது. "டாக்கர்ஃபைல் (இமேஜைக் கட்டும் குறிப்பு) இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் அதே இமேஜைக் கட்டிக்கொள்ளலாம்" என்று எல்லோருக்கும் பாடம் எடுத்தவன் நான். ரெப்போ (பேக்கேஜ் கிடங்கு) முகவரியை, பழைய வெர்ஷன்களை வைத்திருக்கும் வால்ட்டுக்கு மாற்றி ஒப்பேற்றினேன்.

நள்ளிரவு கமிட்:
2024-லும் சென்ட்ஓஎஸ் 7-ஆ? அல்பைன் என்ற குட்டி லினக்ஸில், லைப்ரரிகளையும் புரோகிராமுக்குள்ளேயே சேர்த்து ஸ்டாட்டிக்காக லிங்க் செய்திருந்தால் இந்த வம்பே இல்லை. இமேஜும் சில எம்பிதான்.

பழைய கெர்னல்:
ஆசைப்பட்டா வைத்திருந்தோம்? கஸ்டமர் சர்வரில் இருந்தது அது. ஒருமுறை உபுண்டு 22.04 இமேஜில் கட்டி அனுப்பினோம். அவர்கள் கண்ணெதிரே 'ஜிலிப்சி 2.34 இல்லை' என்று படுத்துவிட்டது. ஜிலிப்சி என்பது லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி; அங்கே இருந்தது 2.17. அவர்கள் தரும், ஜிலிப்சியை நம்பிய எஸ்ஓ ஃபைலை (லைப்ரரியை) வேறு எங்கள் புரோகிராம் ஏற்ற வேண்டும். அல்பைனில் இருப்பது மசல் என்ற வேறு சி லைப்ரரி. எப்படி ஒட்டும்?

சும்மா ரூட்:
அல்பைன் என்றாலே எனக்கு 2020 ஊரடங்கு ஞாபகம். டெபியன் லினக்ஸில் பைத்தானின் பிப், நம்பை என்ற கணக்கு லைப்ரரியை ரெடிமேட் வீலாக (முன்பே கம்பைல் செய்த பேக்கேஜாக) இறக்கிவிடும். அல்பைனில் மொத்தத்தையும் கம்பைல் செய்ய ஆரம்பித்தது. சாப்பிட்டு, டீ குடித்து வந்தும் லேப்டாப் ஃபேன் கத்திக்கொண்டே இருந்தது. அடுப்படியிலிருந்து அம்மா, "மிக்சியை யாருடா போட்டது?" என்றார். இப்போது மசலுக்கும் வீல் வருகிறது, சரி. எனக்குத்தான் மனசு வரவில்லை.

வால்யூம் மவுன்ட்:
என் கதை சின்னது. பில்ட் ஃபோல்டரை அழிக்கப் போனால் அனுமதி இல்லை என்றது. கன்டெய்னர் ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள யூசராக) ஓடி எல்லா ஃபைலையும் ரூட் பெயரில் எழுதி வைத்திருந்தது. அதே அதிகாரம் தரும் சூடோ போட்டு அழித்தேன்.

ஆனால் கெர்னல் சார், தவறு உங்களுடையது. அடிப்படை இமேஜைச் சொல்லும் ஃப்ரம் வரியில் டேக் (வெர்ஷன் பெயர்) மட்டும் போட்டால் அது நாளைக்கே வேறு இமேஜைக் காட்டலாம். அந்த ஒரே இமேஜை மட்டும் குறிக்கும் டைஜெஸ்ட் போடுங்கள். கட்டிய இமேஜை உங்கள் ரெஜிஸ்ட்ரியில் (இமேஜ் கிடங்கில்) தள்ளி வையுங்கள். டெபியன் பக்கம் வந்தால் ஆப்ட் அப்டேட்டையும் (பேக்கேஜ் பட்டியலைப் புதுப்பிப்பது) இன்ஸ்டாலையும் ஒரே ரன் வரியில் எழுதுங்கள். பிரித்தால் முந்தின பில்டின் கேஷில் கிடக்கும் பழைய பட்டியலை வைத்துக்கொண்டு, எப்போதோ நீக்கிய பேக்கேஜைத் தேடி 404 வாங்கும். நோட் (ஜாவாஸ்கிரிப்ட்) என்றால், தேவையான பேக்கேஜ்களின் பட்டியலான பேக்கேஜ் ஜேசானை முதலில் காப்பி செய்து, இன்ஸ்டால் முடித்து, அப்புறம்தான் மீதிக் கோடு. இல்லையென்றால் ஒரு எழுத்து மாறினாலும் முதலிலிருந்து இறக்கும். பில்டுக்குள் போகக் கூடாததைச் சொல்லும் டாக்கர்இக்னோரில் கிட் (கோடு வரலாறு) ஃபோல்டரைச் சேருங்கள்.

பழைய கெர்னல்:
டைஜெஸ்ட் போட்டுத்தான் இருந்தோம். இமேஜ் சமர்த்தாக வந்தது, யம்தான் வரவில்லை. ரெஜிஸ்ட்ரி விஷயம் நியாயம், ஒத்துக்கொள்கிறேன். நோட் பற்றி யார் கேட்டது?

சும்மா ரூட்:
அதெல்லாம் இருக்கட்டும். பாட்டு கேட்டவர் ஒன்றும் சொல்லவில்லையா?

பழைய கெர்னல்:
நெட் மெதுவானாலே என் சீட்டைத்தான் திரும்பிப் பார்க்கிறார்.