வெள்ளியங்கிரி ஏறும்போது பாதி வழியில் வயிறு கலக்கினால் என்ன செய்வது?

கரட்டுப்பாதை:

தலைப்பைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

போன சித்ரா பௌர்ணமிக்குத் திருப்பூரிலிருந்து ஆறு பேர் போயிருந்தோம். ராத்திரி பத்தரைக்கு அடிவாரமான பூண்டியில் ஏற ஆரம்பித்தோம். மொத்தம் ஏழு மலை ஏற வேண்டும். வரும் வழியில் சாப்பிட்ட முட்டைப் பரோட்டாவின் வேலையோ என்னவோ, மூன்றாவது மலை முடிவதற்குள் வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிட்டது. அடக்கி அடக்கிப் பார்த்தேன். கழுத்தெல்லாம் வியர்த்து, கையிலிருந்த மூங்கில் தடியே நடுங்கியது. கடைசியில் படியை விட்டு இறங்கி ஒரு பாறைக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

டார்ச் அடித்துப் பார்த்தால், எனக்கு முன்னால் பத்திருபது பேராவது அதே பாறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நடுவில் வெட் வைப்ஸ், நசுங்கிய தண்ணீர் பாட்டில்கள். யோசிக்க நேரமில்லை, நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டேன். மண்ணைத் தள்ளி மூடக்கூட இல்லை. வெட்கம்தான், ஆனால் நடந்தது அதுதான்.

விடிந்து இறங்கும்போதுதான் அந்த இடத்தை வெளிச்சத்தில் பார்த்தேன். பாறைக்குக் கீழே சரிவு இறங்குவது ஒரு நீர்க்கசிவுப் பக்கம். ராத்திரி எங்கள் கூட்டத்தில் இரண்டு பேர் பாட்டில் பிடித்தது அங்கேதான்.

இந்தப் பங்குனியில் மறுபடி போகிறோம். கூட என் தாய்மாமாவும் வருகிறார். 58 வயது, சர்க்கரை உண்டு, அவசரம் என்றால் அவரால் ஐந்து நிமிடம்கூடத் தாங்க முடியாது. போன தடவை வழியில் கழிப்பறை எதுவும் என் கண்ணில் படவில்லை. இதை எப்படி ஒழுங்காகச் செய்வது? குழி எவ்வளவு ஆழம்? பாறையாக இருந்தால்? இணையத்தில் தேடினால் எல்லாம் டிஷ்யூ பேப்பரைப் பற்றியே பேசுகிறார்கள். தண்ணீரில் கால் கழுவுகிற நமக்கு யாராவது சொல்லுங்கள்.

சின்னத்தம்பிபாளையம்:

முதல் நாள் பரோட்டாவை விடுங்க. ரெண்டு வேளை இட்லி, ஒரு பூவன் பழம். அடிவாரத்துக் கழிப்பறையில் கால் மணி நேரம் உட்கார்ந்து எழுந்துதான் ஏறணும், வருதோ வரலையோ. பாதிப் பிரச்சினை அங்கேயே முடிஞ்சிடும்.

தேய்ந்த செருப்பு:

மேலே தம்பி சொன்னது சரிதான். ஆனால் சர்க்கரைக்காரருக்கு இட்லியும் பழமும் உத்தரவாதம் இல்லை. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நான் பொள்ளாச்சியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். இருபது வருடமாக மலை ஏறுகிறேன், அதில் நாலைந்து தடவை இமயமலைப் பக்கம். அதனால் இரண்டு தகுதி எனக்கு உண்டு: கரண்டி விற்பவன், கரண்டியைப் பயன்படுத்தியவன்.

முதலில் குழி. ஆழம் ஆறிலிருந்து எட்டு அங்குலம், அதாவது உங்கள் கைக்கு ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. வாய் ஒரு தேங்காய் மூடி அகலம் இருந்தால் போதும். இதைவிட ஆழமாகத் தோண்டினால் இன்னும் நல்லது என்று நினைப்பார்கள், அது தப்பு. மக்க வைக்கும் நுண்ணுயிர் எல்லாம் மேல் மண்ணில்தான் குடியிருக்கிறது. கறுப்பாக, இலைச் சருகு கலந்து, மோந்தால் மழை வாசனை வருகிற மண். அதைத் தாண்டிச் செம்மண்ணோ சுக்கான் கல்லோ வந்துவிட்டால் உள்ளே போட்டது அப்படியே கிடக்கும். ரொம்ப மேலாகப் புதைத்தால் காட்டுப்பன்றி வந்து கிளறிவிடும்.

இடம் தண்ணீரிலிருந்தும் வழியிலிருந்தும் 60 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். பெரிய எட்டாக வைத்தால் எழுபது, எண்பது எட்டு. தண்ணீர் என்றால் ஓடுகிற ஓடை மட்டும் இல்லை. கோடையில் காய்ந்து கிடக்கும் ஓடைத்தடமும் தண்ணீர்தான். முதல் மழை பெய்ததும் அதில் கிடப்பதெல்லாம் கீழே யாருடைய குடத்துக்காவது போகும். டைஃபாய்டு, காலரா, ஒருவகை மஞ்சள் காமாலை எல்லாம் இந்த வழியாகத்தான் வருகின்றன. புதைத்த அன்றே கிருமி செத்துவிடும் என்றும் எண்ண வேண்டாம், மாதக்கணக்கில் இருக்கும். உருண்டைப் புழுவின் முட்டை மண்ணுக்குள் வருடக்கணக்கில் தாங்கும். அதனால்தான் இந்தத் தூரக் கணக்கு.

கரண்டியைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் கடைக்கு மரியாதை இல்லை. நண்பர்கள் கொத்தனார் கரண்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அது கலவை அள்ளத்தான். வேர் குறுக்கே வந்தால் கழுத்தில் வளைந்துவிடும். தோட்டத்துக்கு விற்கிற கூர் முனைக் கைக்கரண்டி போதும். வீட்டில் களைக்கொத்து இருந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. ஒரு முறை எதுவும் எடுத்துப் போகாமல் கைத்தடி முனையால் தோண்டப் பார்த்தேன். தடி முனை பிளந்ததுதான் மிச்சம், குழி ஒரு டம்ளர் அளவுகூட வரவில்லை. அவசரத்தில் தோண்டவே முடியாது, தம்பி. வயிறு லேசாகச் சொல்லும்போதே எழுந்து போய்த் தோண்டி வைத்துவிட வேண்டும்.

கால் கழுவுவதில் நாம் அதிர்ஷ்டசாலிகள். டிஷ்யூ பயன்படுத்துகிறவர் அதை ஒரு கவரில் போட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும், நமக்கு அந்த வேலை இல்லை. அரை லிட்டர் பாட்டில், குழிக்கு மேலே உட்கார்ந்தபடியே கழுவினால் எல்லாம் குழிக்குள்ளேயே போய்விடும். அப்புறம் தோண்டிய மண்ணைப் பாதி தள்ளி, ஒரு குச்சியால் கலக்கி, குச்சியையும் உள்ளேயே போட்டு, மீதி மண்ணால் மூடி, மேலே சருகைப் பரப்புங்கள். பூனை இதைவிட நேர்த்தியாகச் செய்யும். சோப்பு போட்டுக் கை கழுவுவதைச் சுனையில் செய்யாதீர்கள். பாட்டில் தண்ணீரை எடுத்துத் தள்ளிப் போய்க் கழுவுங்கள். வெட் வைப்ஸைப் புதைப்பதும் வேண்டாம். பெரும்பாலும் அதில் பிளாஸ்டிக் நூல் இருக்கிறது, மக்கவே மக்காது.

இதெல்லாம் ஆள் நடமாட்டம் குறைந்த காட்டுக்கு. இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வெள்ளியங்கிரிக்குக் குழி சரிப்படாது. சித்ரா பௌர்ணமி ராத்திரி அந்த வழியில் ஏறுகிற கூட்டத்தை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். அதில் நூற்றில் ஐந்து பேர் குழி பறித்தாலும் வழி ஓரம் முழுக்கக் கிழங்குத் தோட்டம் மாதிரி ஆகிவிடும். மேல் மலைகளில் புல்லுக்குக் கீழே நாலு விரல் மண், அதன் கீழே பாறை. எங்கே தோண்டுவீர்கள்?

அங்கே ஒரே வழி, கையோடு கொண்டுவருவது. முகம் சுளிக்காதீர்கள். எவரெஸ்ட் ஏறுபவர்களுக்கே 2024ல் இருந்து அதுதான் சட்டம். அடிவார முகாமிலேயே பை வாங்கிக்கொண்டு போய், நிரப்பிக் கீழே கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று அந்த ஊர் உள்ளாட்சி சொல்லிவிட்டது. அந்தக் குளிரில் எதுவும் மக்குவதில்லை, வருடக்கணக்காகப் பாறை மேலேயே கிடக்கிறது. அந்தப் பையில் ஒரு பொடி இருக்கும், ஈரத்தைக் கெட்டியாக்கி நாற்றத்தையும் அடக்கும். நமக்கு வீட்டுச் சரக்கே போதும். கெட்டியான கவர் இரண்டு, ஒரு பழைய செய்தித்தாள், ரெண்டு கைப்பிடி மரத்தூள், இறுக மூடுகிற ஒரு டப்பா. நான் வைத்திருப்பது முன்பு முறுக்கு இருந்த டப்பா. என் மனைவி அதன் மூடியில் மார்க்கரால் பெரிதாக ‘அப்பா’ என்று எழுதி வைத்திருக்கிறாள், பிள்ளைகள் தவறிக்கூடத் தொடக் கூடாது என்று. தாளை விரித்து அதன் மேல் போய், மரத்தூள் தூவி, மடித்துக் கவருக்குள், கவர் இன்னொரு கவருக்குள், அது டப்பாவுக்குள். அடிவாரத்தில் பை சோதிக்கும்போது கவரைக் கேட்பார்கள். எதற்கென்று நேராகச் சொல்லிவிடுங்கள், திரும்பி வரும்போது காட்டுகிறேன் என்றும் சொல்லுங்கள். என்னிடம் இதுவரை யாரும் திறந்து காட்டச் சொன்னதில்லை.

ஒன்றே ஒன்று, இதில் எனக்குக் கோபம் வரும். கொண்டுவந்ததை அடிவாரக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மலையைச் சுத்தமாக வைத்த பெருமை வேறு. நம் ஊரில் அந்தக் கவரைக் கையால் பிரிக்கப் போவது ஒரு தூய்மைப் பணியாளர். மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளக் கூடாது என்று 2013லேயே சட்டம் வந்துவிட்டது, நாம் அதைக் கவரில் கட்டி அவர் கையில் கொடுக்கிறோம். உள்ளே இருப்பதைக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். தாளை அதில் போட்டு அடைத்துவிடாதீர்கள், கவரோடு கட்டி ‘அசுத்தம்’ என்று எழுதி டயப்பர், நாப்கின் கொடுப்பது போலத் தனியாகக் கொடுங்கள்.

பூண்டிக்காரன்:

செருப்பு அண்ணன் சொன்னதில் ஒரு திருத்தம். எழுபது எட்டு தள்ளிப் போ என்று எழுதியிருக்கிறார். இங்கே ராத்திரியில் அப்படிப் போகாதீர்கள். முதல் மலைப் பக்கமெல்லாம் யானை வருகிற இடம். இருட்டில் டார்ச்சோடு தனியாகக் காட்டுக்குள் இறங்கினால், உங்களுக்கு வயிற்றுப் பிரச்சினை மட்டும் இருக்காது.

சீசனில் நான் மேலே கடைகளுக்குச் சுமை தூக்குகிறவன். சுக்குக் காபி போட, சமைக்க, குடிக்க எல்லாவற்றுக்கும் சுனைத் தண்ணீர்தான். பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை என்று பக்தியோடு தீர்த்தம் பிடிக்கிறார்கள், ஆண்டி சுனையில் குளிக்கிறார்கள். நாலு எட்டு மேலே போய்ப் பார்த்தால் உட்கார்ந்திருக்கிறார்கள். எவ்வளவு தூரம் என்பதைவிட மேலா கீழா என்று பாருங்கள். சுனைக்கு மேல் சரிவில் எதுவும் வேண்டாம். ஒன்றுக்குப் போவதும் அப்படித்தான்.

அவசரம் வந்தால் கூட ஒரு ஆள் டார்ச்சோடு முதுகைக் காட்டி நிற்கட்டும், வழியிலிருந்து பத்து எட்டுக்குள் முடித்துக் கவரில் எடுத்துவிடுங்கள். எடுத்துப் போவதென்றால் தூரமே தேவையில்லை.

தேய்ந்த செருப்பு:

பூண்டித் தம்பி சொல்வதுதான் சரி. நான் பகல் காட்டுக் கணக்கைச் சொல்லிவிட்டேன். யானைக்கு முன்னால் 60 மீட்டர் எல்லாம் ஒரு கணக்கா.

குளிர்ப்பாறை:

நான் வெள்ளியங்கிரி ஏறியதில்லை. குறிப்பிட்ட வயதுப் பெண்கள் ஏறக் கூடாது என்று வழக்கம் எல்லாம் இருக்கிறதே. ஆனால் உத்தராகண்டில் இரண்டு முறை நடந்திருக்கிறேன், அதிலிருந்து கொஞ்சம்.

அங்கே கூடாரக் கழிப்பறை. மூன்றடிக் குழி, ரெண்டு பக்கம் தட்டையான கல், ஓரத்தில் ஒரு மூட்டை மண், ஒரு தகர டப்பா. போனவர் ரெண்டு டப்பா மண் போட்டுவிட்டு வர வேண்டும். நாங்கள் தமிழ்க் கூட்டம் பதினோரு பேர் ஆளுக்கு ஒரு மக்குத் தண்ணீர் ஊற்றியதில் இரண்டாம் நாளே குழி சேறாகி நாற்றம் தாங்கவில்லை. சமையல்காரர் வந்து, தண்ணீர் அதிகம் போனால் காற்று புகாமல் அழுகத்தான் செய்யும், மக்காது, கொஞ்சமாகக் கழுவுங்கள் என்று தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் ஒரு சின்ன பாட்டில் மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, பீய்ச்சிக் கழுவக் கற்றுக்கொண்டேன். கால் பாட்டில் போதும். ராத்திரி அதைத் தூக்கப் பைக்குள் வைத்துப் படுக்க வேண்டும், இல்லாவிட்டால் காலையில் உள்ளே பனிக்கட்டிதான் இருக்கும். அதே மாநிலத்தில் புல்வெளிகளில் கூடாரம் போட்டுத் தங்கவே 2018ல் உயர் நீதிமன்றம் தடை போட்டது. அவ்வளவு மோசம் பண்ணி வைத்திருந்தோம்.

பெண்களுக்கு ஒன்று. மாதவிடாய் நாப்கினைப் புதைக்காதீர்கள், எரிக்கவும் வேண்டாம், முழுதாக எரியாது. கறுப்புக் கவருக்குள் ஒரு கைப்பிடி காய்ந்த டீத்தூள் போட்டு வைத்தால் வாசனை வெளியே வராது. மூன்று நாள் அப்படித் தூக்கி நடந்திருக்கிறேன்.

கரட்டுப்பாதை:

போன வாரம் போய் வந்தோம். எல்லோருக்கும் நன்றி.

ஆளுக்கு ஒரு கவர்க்கட்டு, மரத்தூள் தெருமுனை ஆசாரி கடையில் சும்மாவே கொடுத்தார், எதற்கென்று கேட்டார், முயலுக்கு என்று சொல்லிவிட்டேன். ஆணி ஓட்டை பாட்டில் அருமையான யோசனை.

நான் பயந்தது மாமாவுக்காக. அவர் அடிவாரத்திலேயே முடித்துவிட்டு, ஏழு மலையும் அசையாமல் ஏறி இறங்கினார். நாலாவது மலையில் மாட்டியது மறுபடி நான்தான். மாமா டார்ச்சைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றபடி, “என்னை நம்பித்தானடா இதெல்லாம் வாங்கினே” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். மேலே போய்க்கொண்டிருந்த கூட்டம் என்னவென்று நின்று கேட்டுவிட்டுப் போனது. இறங்கும்போது ஒரு ஈரோட்டுக்காரர் வந்து மரத்தூள் மீதி இருக்கிறதா என்று காதோடு கேட்டார். கொடுத்தேன்.

டப்பாவில் இப்போது என் பேர் எழுதியிருக்கிறது.