ஆறு ஆண்டுகள் நின்ற 1994 புல்லட்: எஞ்சினைப் பிரித்தே ஆக வேண்டுமா?

திருநகர்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் கால்நடை மருத்துவராகப் பணியாற்றியவர். 1994-இல் அவர் புதிதாக வாங்கிய புல்லட் 350, உசிலம்பட்டி, எழுமலை, சேடபட்டி வட்டாரத்து ஊர்களுக்கெல்லாம் இருபது ஆண்டுகளுக்கு மேல் அவரைச் சுமந்து சென்றது. 2019 இறுதியில் அவர் காலமான பிறகு, வண்டியைத் திருநகர் வீட்டு முகப்பில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்ததோடு சரி. கடைசியாக ஓடிய நாளில் புகை இல்லை. டேப்பட் (வால்வுகளை இயக்கும் பகுதி) சத்தம் மட்டும் சற்றுக் கூடுதலாக இருந்ததாக நினைவு. இப்போது கிக்கரை மிதித்தால் இறங்குகிறது. பாதியில் அழுத்தமும் காலுக்குத் தெரிகிறது.

சென்ற வாரம் பட்டறை ஒன்றில் காட்டினேன். ஆறு வருடம் நின்ற எஞ்சின் போர் போடாமல் (சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து அகலப்படுத்தாமல்) ஓடாது என்றும், பிஸ்டன், வால்வு, கிராங்க் எல்லாவற்றையும் சேர்த்து அறுபதாயிரத்துக்கு மேல் ஆகும் என்றும் சொன்னார்கள். பணம் ஒருபுறம் இருக்க, ஒருமுறைகூடத் திறக்கப்படாத எஞ்சினைப் பிரிக்க மனம் வரவில்லை. பங்குனிக்குள் வண்டியைத் தயார் செய்து, தேனி, போடி வழியாக மூணாறு வரை ஒருமுறை சென்று திரும்ப வேண்டும் என்பது என் விருப்பம். சிறுவனாக இருந்தபோது அந்த வண்டியின் டேங்க் மேல் உட்கார்ந்து போடிமெட்டு வரை சென்றிருக்கிறேன். எஞ்சினைப் பிரித்தே ஆக வேண்டுமா? இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் இந்த வண்டிக்கு ஒத்துக்கொள்ளுமா? ஆர்.சி. இன்னும் தந்தையார் பெயரில்தான் இருக்கிறது. அதன் காலமும் 2024-இல் முடிந்துவிட்டது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஒத்தக்கடை இரும்பு எழுதியது:

தம்பி, நாள்பட நின்றது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு பேரலை, அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டரை, போர் போட அனுப்புவது, காய்ச்சல் உண்டா என்று தொட்டுப் பார்க்காமலே ஊசி போடுவதைப் போன்றது. உங்கள் தந்தையார் ஒரு மாட்டுக்குக்கூட அப்படிச் செய்திருக்க மாட்டார். நாம் இரும்பு எஞ்சின் என்று சொல்லும் இதில் பேரல் மட்டுமே வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். பிஸ்டனின் விட்டம் 70 மில்லிமீட்டர், அது ஏறி இறங்கும் நீளம் 90 மில்லிமீட்டர். மெதுவாகச் சுற்றி நெடுநாள் உழைப்பதற்கென்று அமைந்த எஞ்சின் இது. ஒவ்வொரு முறை போர் போடும்போதும் பேரலின் சுவர் மெலிகிறது என்பதால், அந்த வாய்ப்பை உண்மையாகவே தேவைப்படும் நாளுக்கு மிச்சம் வைப்பதே முறை.

கிளப்புவதற்கு முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஆயிலைப் பற்றித்தான். இந்த எஞ்சினில் ஆயில், கிராங்க் சுற்றும் அறையில் தேங்கி நிற்பதில்லை. எஞ்சின் கேசிலேயே தனியாக உள்ள அறையில் இருக்கும், பம்ப் அதை எடுத்து அனுப்பித் திரும்பவும் கொண்டுவந்து சேர்க்கும். மாதக்கணக்கில் நின்றுவிட்டால், அந்த ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். அளவுக் குச்சியை எடுத்துப் பார்ப்பவர் ஆயிலே இல்லை என்று நினைத்து மேலும் இரண்டு லிட்டர் ஊற்றுவார். கிளப்பியவுடன் தெருவே தெரியாத அளவுக்கு வெண்புகை எழும், மூச்சுக்குழாய் வழியாக ஆயில் பீறிடும், பக்கத்தில் நிற்பவர் பிஸ்டன் ரிங் போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். போருக்குப் போன பேரல்களில் இப்படி வீணாகப் போனவற்றை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே அடியில் உள்ள வடிகால் போல்ட்டுகளைக் கழற்றி, தேங்கியதையும் அறையில் மிச்சம் இருப்பதையும் முழுவதும் வடித்துவிடுங்கள். ஃபெல்ட் ஃபில்டரைப் புதிதாக மாற்றி, அந்த ஃபில்டர் குழியையும் ஆயிலால் நிரப்பிவிட்டே மூடுங்கள். குழி காலியாக இருந்தால், அது நிறையும் வரை கிராங்க்கின் பிக் எண்டு பேரிங்குக்கு ஆயில் போகாது.

அதன் பிறகு பிளக்கைக் கழற்றி, துளை வழியாக இரண்டு மூன்று தேக்கரண்டி ஆயில் விட்டு, ஒருநாள் ஊறவிட்டு, பிளக் இல்லாமலே முப்பது நாற்பது முறை நிதானமாகக் கிக்கரை மிதியுங்கள். பாயிண்டை (பிளக்கில் பொறி வரச் செய்யும் தொடுமுனை) மெல்லிய நீர்த்தாளால் லேசாகத் தேய்த்து, இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். டேப்பட்டை எஞ்சின் நன்றாக ஆறிய நிலையில், இரண்டு வால்வும் மூடியிருக்க, பிஸ்டனை உச்சியில் வைத்துப் பார்க்க வேண்டும். புஷ்ராடு (வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பி) இரண்டு விரலுக்கு இடையில் தடையின்றிச் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. அந்தச் சத்தத்துக்கு இதுவே போதும் என்பது என் கணிப்பு.

எஞ்சின் கிளம்பியதும், ஹெட்டுக்குப் போகும் மெல்லிய ஆயில் குழாயின் போல்ட்டை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். சிறிது நேரத்தில் ஆயில் கசிந்து வர வேண்டும். வராவிட்டால் உடனே அணைத்துவிட்டுப் பம்ப்பைப் பாருங்கள். இவ்வளவையும் செய்து இருநூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகும், ஆக்சிலேட்டர் கொடுக்கும்போதெல்லாம் நீலப் புகை வந்தால் ரிங்கையும் பேரலையும் பற்றிப் பேசலாம். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு மீண்டும் கொடுக்கும்போது மட்டும் ஒரு வீச்சு நீலமாக வந்தால், பெரும்பாலும் அது வால்வு கைடு (வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழல்) தேய்ந்ததால். ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும்.

அந்த அறுபதாயிரத்தில் ஒரு பங்கை பிரேக்குக்கும் டயருக்கும் ஒதுக்குங்கள். உங்கள் டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் ஆண்டு. பூ தேயாமல் இருந்தாலும் பத்து வயதான டயரோடு மலை ஏறக் கூடாது.

மேலூர் லேத் எழுதியது:

ஒத்தக்கடை அண்ணன் சொல்வதை நான் பெரும்பாலும் ஏற்கிறேன் என்றாலும், ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். வண்டி எந்த நிலையில் நின்றது என்பது முக்கியம். வால்வு திறந்த நிலையில் பிஸ்டன் கீழே நின்றிருந்தால், மழைக்காலத்து ஈரம் ஹெட் வழியாக இறங்கி, பேரலின் சுவரில் துருப் பிடித்திருக்கக்கூடும். வார்ப்பிரும்பு அதற்கு எளிதில் இடம் கொடுக்கும். அப்படிப்பட்ட சுவரின் மேல் நாற்பது முறை கிக்கரை மிதித்தால், நல்ல ரிங்கும் கீறுபட்டுப் போகும். பிளக் துளை வழியாக உள்ளே பார்க்கும் சிறு கேமரா இப்போது பல பட்டறைகளில் இருக்கிறது. முதலில் அதைக் கொண்டு பாருங்கள். சுவர் வழுவழுப்பாக இருந்தால் அண்ணன் சொன்னபடி செய்யுங்கள்; பழுப்பாகப் புள்ளி விழுந்திருந்தால் ஹெட்டையும் பேரலையும் இறக்கித்தான் ஆக வேண்டும். அப்போதும் கிராங்க்கைத் தொட வேண்டியதில்லை.

பெட்ரோலைப் பற்றி: இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பதில் 20 விழுக்காடு எத்தனால் இருக்கிறது. 1994-இல் போட்ட ரப்பர் அதைக் கருதிச் செய்யப்பட்டதல்ல. பெட்ரோல் குழாய், டேங்க் அடியில் உள்ள டேப்பின் வாஷர், கார்புரேட்டரின் ஊசி, கேஸ்கெட் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும் இயல்புடையது என்பதால், டேங்க்கில் பாதி பெட்ரோலோடு மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் உள்ளே துரு ஏறும். வாரம் ஒருமுறையாவது ஓட்டுங்கள். முடியாதென்றால் டேப்பை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடுங்கள். கார்புரேட்டரில் பழைய ஜெட்டோடு (பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் சிறு துளை) ஓட்டும்போது பிளக்கின் முனை வெளிறிப்போனால், மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டலாம். செங்கல் நிறத்துக்கும் பழுப்புக்கும் நடுவில் இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

ஆவணக்காரர் எழுதியது:

வண்டியைச் சாலையில் இறக்குவதற்கு முன் ஆர்.சி.யைச் சரிசெய்துகொள்ளுங்கள். பதிவுக் காலம் முடிந்த வண்டியில் விபத்து நேர்ந்தால், இன்சூரன்ஸ் நிறுவனத்தோடு வாதாடுவதற்கே உங்கள் பொழுது போய்விடும். உரிமையாளர் இறந்தால் முப்பது நாளில் தெரிவித்து, மூன்று மாதத்தில் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. தாமதத்துக்கு அபராதம் கட்ட நேரும், ஆனால் கதவு மூடிவிடாது. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 31, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஒப்புதல் ஆகியவை வேண்டும். புதுப்பிக்கப் படிவம் 25. முதல் 15 ஆண்டுகளுக்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிப்பதால்தான் உங்களுடையது 2024-இல் முடிந்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் உயர்த்திய கட்டணப்படி, 20 ஆண்டைக் கடந்த மோட்டார் சைக்கிளுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2,000 ரூபாய். ஆய்வாளர் சேசிஸ் எண்ணைத் தேய்த்துப் பார்ப்பார். அந்த இடத்தில் பெயிண்டும் துருவும் ஏறி எண் மறைந்திருந்தால் முன்கூட்டியே மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எண்ணையே அழித்துவிட்டு அலைந்தவர்கள் உண்டு.

ஒத்தக்கடை இரும்பு எழுதியது:

லேத் தம்பி சொன்ன கேமரா யோசனை என் பழைய வழக்கத்தைவிட நல்லது. அதையே முதலில் செய்யுங்கள்.

மலைப் பயணத்துக்கு இன்னும் சில சொற்கள். மதுரையிலிருந்து மூணாறு ஏறக்குறைய 155 கிலோமீட்டர். போடி வரை சமவெளிதான் என்றாலும், ஆண்டிப்பட்டிக் கணவாயைத் தாண்டியதும் பக்கவாட்டில் காற்று தள்ளும். மணிக்கு அறுபதுக்கு மேல் போக வேண்டாம். கிளட்ச் கேபிள் ஒன்றைப் பழையதன் பக்கத்திலேயே புதிதாக இழுத்துக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். அறுந்தால் இரண்டு முனையையும் மாட்டினால் போதும். பாயிண்ட், கண்டன்சர், பிளக், செயின் லாக், ஒரு ட்யூப் ஆகியவை பையில் இருக்கட்டும். இந்த எஞ்சினின் அதிர்வில் எந்த நட்டும் கழலும்; வண்டியை நிறுத்துமிடமெல்லாம் சைலன்சர் போல்ட்டையும் மட்கார்டையும் கையால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

ஏற்றத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. இறக்கத்தில் டிரம் பிரேக் சூடேறினால் பிடிமானம் குறைந்துகொண்டே போகும், லீவர் கைப்பிடி வரை வந்தாலும் வண்டி நிற்காது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள், அதாவது இரண்டாவதில். எஞ்சினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று: இந்த வண்டியில் கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். புது வண்டி ஓட்டிப் பழகிய கால், பதற்றத்தில் வலப்பக்கத்தை மிதிக்கும். அந்தப் பழக்கம் மறக்கும் வரை மலைப் பக்கம் போகாதீர்கள். அழகர்கோவில் சாலையில் பத்து நாள் போய் வாருங்கள்.

திருநகர்வாசி எழுதியது (மூன்று மாதங்களுக்குப் பிறகு):

ஐயா, பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. கேமராவில் பார்த்தபோது பேரல் சுவர் பளபளப்பாகவே இருந்தது. அளவுக் குச்சியில் ஆயில் ஒரு சொட்டும் ஒட்டவில்லை; கிராங்க் அறையின் போல்ட்டைக் கழற்றியபோது ஒரு லிட்டருக்கு மேல் கறுப்பாக வடிந்தது. நீங்கள் எழுதியிராவிட்டால் நானும் மேலே ஊற்றியிருப்பேன். டேப்பட்டைச் சரிசெய்த பிறகு பழைய சத்தம் அடங்கிவிட்டது. பின்சக்கர பிரேக் ஷூவில் லைனிங் ஒட்டு விட்டு நின்றிருந்தது, அதைக் கண்டபோதுதான் உடல் நடுங்கியது.

கிக்கர்தான் ஒரு வாரம் படுத்தியது. தந்தையார் அம்மீட்டரை (மின்னோட்டம் காட்டும் மீட்டர்) பார்த்துக்கொண்டே மிதித்தது நினைவிருந்தும், எதற்கென்று அப்போது கேட்டதில்லை. சாவியைத் திருகி, கிக்கர் இறுகும் வரை மெதுவாக அழுத்தி, டீகம்பிரசரை (சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேவிடும் லீவர்) பிடித்தபடி அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் வரை மட்டும் நகர்த்தி, பிறகு கிக்கரை மேலே வரவிட்டு ஒரே மூச்சில் மிதித்தால் முதல் அடியில் கிளம்புகிறது.

ஆர்.சி. என் பெயருக்கு வந்ததும், பங்குனி இரண்டாம் வாரம் மூணாறு சென்று திரும்பினேன். போடிமெட்டு ஏற்றத்தில் ஏழாவது வளைவில் கிளட்ச் கேபிள் அறுந்தது. பக்கத்தில் கட்டியிருந்ததை மாட்டப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. லிட்டருக்கு முப்பத்திரண்டு கிலோமீட்டர் கிடைத்தது. நீலப் புகை இல்லை. எஞ்சின் இன்னும் திறக்கப்படவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். டேப்பட் மூடியின் ஓரத்தில் ஆயில் கசிந்து, நிறுத்துமிடத்தில் இரண்டு சொட்டு விழுகிறது. நட்டை மேலும் இறுக்கலாமா?

மேலூர் லேத் எழுதியது:

இறுக்க வேண்டாம் அண்ணே. ஒற்றை நட்டு அது. இறுக்கினால் மூடி வளைந்து கசிவு கூடும். கார்க் கேஸ்கெட்டைப் புதிதாகப் போட்டு, இரு பக்கமும் கிரீஸ் தடவி, கை இறுக்கத்துக்கு மேல் கால் சுற்று மட்டும் திருகுங்கள். அதன் பிறகும் ஒரு சொட்டு விழுந்தால், அடியில் அட்டை ஒன்றைப் போட்டு வையுங்கள்.