பழைய ரஷ்ய லென்ஸும் அதன் வயதும்: உங்களுக்கு நடந்தது என்ன?

குவியத்தூரம்:
ஜார்ஜியாவின் திபிலிசியில் மருத்துவம் படித்தவர்களுக்கு ட்ரை பிரிட்ஜ் பழைய பொருள் சந்தையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பதக்கங்களுக்கும் பீங்கான்களுக்கும் நடுவில் ஒரு பெரியவர் மிர்-1 என்ற சோவியத் லென்ஸ் வைத்திருந்தார். 37 மி.மீ., எஃப் 2.8, வெள்ளி நிற உடம்பு. நான் குனிந்ததுமே “ஐம்பத்தெட்டு, ஐம்பத்தெட்டு” என்று ஆரம்பித்துவிட்டார். முன்வளையத்தில் கிராண்ட் ப்ரி, பிரஸ்ஸல்ஸ், 1958 என்று பொறித்திருக்குமே, அதைத்தான் காட்டுகிறார். அது அந்த வருட உலகக் கண்காட்சியில் கிடைத்த பரிசு. அப்புறம் பல வருடங்கள் கழித்துச் செய்த மிர்-1களிலும் அதே எழுத்து இருக்கும். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

எனக்கு மறக்காதது அவருடைய கட்டைவிரல். 1958-ஐ ஆள்காட்டி விரலால் தொட்டுக் காட்டுகிறார், கட்டைவிரல் சரியாக சீரியல் நம்பர் மேல். லென்ஸைத் திருப்பினால் விரலும் கூடவே திரும்புகிறது. பூஞ்சை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கையில் வாங்கினேன். எண் 67-ல் தொடங்குகிறது, அதாவது 1967-ல் செய்தது. காட்டினேன். அவர் முகம் மாறவே இல்லை. “பரிசு 58-ல்தானே கொடுத்தார்கள்?” என்றார். விலையில் ஒரு லாரி (ஜார்ஜியப் பணம்) கூடக் குறைக்கவில்லை. வாங்கிக்கொண்டுதான் வந்தேன், அது வேறு விஷயம். தெரிந்துதான் மறைத்தாரா, இல்லை எல்லா லென்ஸையும் அப்படித்தான் பிடிப்பாரா என்று இன்னும் யோசிக்கிறேன்.

தாமரைக்குளம்:
அப்பா நெய்வேலி முதல் அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்தவர். சோவியத் உதவியில் கட்டியது என்பதால் டவுன்ஷிப்பில் ரஷ்ய இன்ஜினியர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஊர் திரும்பும்போது அப்பாவுக்கு ஜோர்கி-4 கேமராவைக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் அது பூஜை அறைக்கு அடுத்த மரியாதையில் இருக்கிற பொருள்.

போன பொங்கலுக்கு அதை எடுத்துத் துடைத்தபோதுதான் எண்களைப் பார்த்தேன். கேமரா உடம்பில் 63. ஜூபிடர்-8 லென்ஸில் 72. கறுப்பு லென்ஸ். அந்த இன்ஜினியர் கிளம்பியது அறுபதுகளின் நடுவில் என்று அப்பா உறுதியாகச் சொல்கிறார், அதற்குப் பிறகு பிறந்த லென்ஸ் எப்படி வந்தது? “எண் தப்பா அடிச்சிருப்பான்” என்றார்.

விட்டிருக்கலாம். நான் ஆல்பத்தை எடுத்தேன். அப்பா கல்யாணத்துக்கு முன்னால், கழுத்தில் இதே கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிற படம். போனில் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் லென்ஸ் வெள்ளி நிறம். அப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். “வெயில் பட்டு வெள்ளையாத் தெரியுது” என்றார். படம் எடுத்தது வீட்டுக்குள்ளே.

எழுபதுகளில் ஷட்டர் திரை கிழிந்து சென்னையில் ஒரு கடையில் ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கியதாக அம்மா அப்புறம் சொன்னார். அப்பா அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

முப்பட்டகம்:
குவியத்தூரம் தம்பி, அதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. பொறித்திருப்பதைத்தானே அவர் படித்தார்.

என் கதை சின்னது. ஒரு நண்பர் ஜூபிடர்-9 லென்ஸ் கொண்டுவந்து “இது 1953” என்றார். நான் வளையத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தைத்தான் பார்த்தேன். கேமராவில் திருகி மாட்டுகிற எம்42 மரை. சோவியத் ஜெனித் கேமரா அந்த மரைக்கு வந்ததே அறுபதுகளில்தான். ஆள் டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

இனி வருகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எண்ணின் முதல் இரண்டு இலக்கம் வருடம் என்கிற விதி ஐம்பதுகளிலிருந்து பெரும்பாலும் சரிவரும், ஆனால் எல்லா ஆலைக்கும் இல்லை. ஃபெட் ஆலை வரிசையாக எண் போட்டுக்கொண்டே போனது, அதில் வருடம் தேடாதீர்கள். ஹீலியோஸ்-44 வகையில் பூஜ்யத்தில் தொடங்கும் எண்களையும் இந்த விதியால் படிக்க முடியாது. அடுத்தது ஆலைக் குறி. சரிவகத்துக்குள் ஒளிக்கதிர் நுழைந்து வெளியே வந்தால் மாஸ்கோ பக்கத்து கிராஸ்னகோர்ஸ்க் ஆலை. ஆனால் ஜூபிடர்-9 ஒன்றையே கிராஸ்னகோர்ஸ்க், கீவ் அர்சனல், லித்காரினோ என்று மூன்று இடங்களில் செய்திருக்கிறார்கள், ஆகவே பெயரைப் பார்த்து ஆலையைச் சொல்லாதீர்கள். நிலைவாசல் மாதிரி ஒரு சிவப்பு ரஷ்ய எழுத்து இருந்தால் கண்ணாடிக்குப் பூச்சு உண்டு என்று பொருள். பிற்பாடு பூச்சு சாதாரணமானதும் அதைப் பொறிப்பதை விட்டுவிட்டார்கள், எனவே அந்த எழுத்து இருந்தால் லென்ஸ் பழையது. பெட்டியிலோ கேமராவிலோ ஐங்கோணத் தர முத்திரை இருந்தால் 1967-க்கு முன்பு போக முடியாது, முத்திரையே அந்த வருடம்தான் வந்தது. வெள்ளி நிறம் பொதுவாக முந்தியது, கறுப்பு பிந்தியது. கூடவே வந்த சிறு புத்தகம், அவர்கள் பாஸ்போர்ட் என்பார்கள், அது இருந்தால் பரிசோதகர் முத்திரையும் தேதியும் அதிலேயே இருக்கும். நம் ஆட்கள் அதைத்தான் முதலில் தூக்கிப் போடுவார்கள்.

முக்கியமானது இதுதான். எண் பொறித்த முன்வளையம் பல லென்ஸ்களில் தனியாகக் கழன்று வரும். ரப்பரை வைத்து அழுத்தித் திருகினால் போதும். ஆகவே வளையம் சொல்வது வளையத்தின் வயதுதான். உடம்பு, மரை, உள்ளே ஒளித் துளையைச் சுருக்கும் அப்பர்ச்சர் பிளேடு, பூச்சின் நிறம் எல்லாம் அதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சகோதரி தாமரைக்குளம், உங்கள் லென்ஸில் மாறியது வளையம் மட்டுமா, முழு லென்ஸா என்று முதலில் பாருங்கள்.

கார்கிவ் ரிட்டர்ன்:
முப்பட்டகம் சார், ஆலைகளை இவ்வளவு பிரித்துச் சொல்லிவிட்டு மேலே “ரஷ்ய லென்ஸ்” என்ற தலைப்பை ஒரு வார்த்தை கேட்காமல் விட்டுவிட்டீர்களே. ஃபெட் கார்கிவில் செய்தது. அர்சனல் கீவில். இரண்டும் உக்ரைன். ஹீலியோஸ் 44-3 பெலாரஸின் மின்ஸ்கில். கிராஸ்னகோர்ஸ்க் ஒன்றுதான் உலகமா? நான் படித்த ஊர் என்பதால் கொஞ்சம் சூடாகத்தான் வரும்.

சரி, என் அனுபவம். படிக்கும்போது ஒரு பழைய பொருள் சந்தையில் “ஜெர்மன் லைகா, விமானப்படை” என்று ஒரு கேமராவை நீட்டினான் ஒருவன். மேலே கழுகு, உடம்பெல்லாம் தங்க முலாம், லென்ஸில் லைகாவின் எல்மார் என்று எழுத்து. லைகாவைப் பார்த்துச் செய்த ஃபெட், ஜோர்கியைச் சுரண்டி லைகா ஆக்குகிறார்கள் என்பது இங்கே யாருக்கும் புதிதில்லை. நான் லென்ஸின் முன்பக்கம் எட்டிப் பார்த்தேன். அசல் எல்மாரில் அப்பர்ச்சர் பிளேடுகள் முதல் கண்ணாடிக்கு உடனே பின்னால் இருக்கும். இதில் இரண்டாவது கண்ணாடிக்கும் பின்னால், உள்ளே தள்ளி. லென்ஸைக் கழற்றச் சொன்னேன். லைகாவில் உருளை இருக்கிற இடத்தில், கேமராவுக்குள் ஆப்பு மாதிரி ஒரு சின்னக் கூர்முனை எட்டிப் பார்க்கிறது. அது சோவியத் கை.

“இது இங்கேயே செய்ததுதானே?” என்று கேட்டேன். அவன் கழுகைத் தடவிக்கொண்டே சொன்னான்: “கேமரா இங்கே செய்தது. கழுகும் இங்கே செய்ததுதான். நல்ல வேலைப்பாடு, பார்.”

உண்மையிலேயே நல்ல வேலைப்பாடுதான். அசல் ஃபெட்டாகவே வைத்திருந்தால் நான் இன்னும் கொஞ்சம் அதிகம் கொடுத்து வாங்கியிருப்பேன். அதைச் சொன்னபோதுதான் அவனுக்குக் கோபம் வந்தது.

சேலம் ஸ்டூடியோ:
எல்லோரும் வயது, வயது என்கிறீர்கள். எனக்குக் கல்யாண ஆர்டரில் மங்கலான பின்னணி சுழல்கிற மாதிரி தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஹீலியோஸ் 44-2, மிரர்லெஸ் கேமராவில் ஒரு அடாப்டர், வேலை முடிந்தது. வருடம் பார்த்து விலை ஏற்றுவது விற்கிறவர்களுக்குத்தான் லாபம்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். ஆன்லைனில் ஒருவர் “ஐம்பதுகளின் ஹீலியோஸ், 13 பிளேடு” என்று இரண்டு மடங்கு விலை போட்டிருந்தார். பாதி மூடி வெளிச்சத்தில் பிடித்து ஒரு படம் அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். எண்ணினால் எட்டு. “மீதி ஐந்து எங்கே அண்ணா?” என்று கேட்டதற்கு என்னை பிளாக் செய்துவிட்டார். அந்த விளம்பரம் இப்போதும் அப்படியே ஓடுகிறது, அதுதான் எரிச்சல்.

குவியத்தூரம்:
@சேலம் ஸ்டூடியோ, வயது வேண்டாம் என்று தொடங்கி நீங்களும் பிளேடு எண்ணித்தானே பார்த்திருக்கிறீர்கள்!

தாமரைக்குளம்:
முப்பட்டகம் சார், விவரத்துக்கு நன்றி. நான் தேதி கேட்கவில்லை, அது எனக்குத் தெரிந்துவிட்டது. முழு லென்ஸும்தான் மாறியிருக்கிறது, ஆல்பத்துப் படம் போதும். அந்த வெள்ளி ஜூபிடர் இப்போது யார் அலமாரியில் இருக்கிறது என்பதுதான் என்னை அரிக்கிறது. அப்பாவிடம் இனி கேட்கப் போவதில்லை. நேற்றுத் தானாகவே “கறுப்புதான் படம் நல்லா எடுக்கும்” என்றார்.

முப்பட்டகம்:
சகோதரி, கறுப்பு ஜூபிடர்-8-ம் நல்ல லென்ஸ்தான், அப்பா சொல்வதில் தப்பில்லை. போகஸ் வளையம் இறுகியிருந்தால் பலம் கொடுத்துத் திருகாதீர்கள், பழைய கிரீஸ் காய்ந்திருக்கும். ஸ்பிரிட் ஊற்றவும் வேண்டாம், அது பிளேடுக்குள் இறங்கும். பின்பக்க மூடியைக் கழற்றி நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் போடுங்கள். வெள்ளி லென்ஸின் எண் உங்கள் ஆல்பத்துப் படத்தில் கொஞ்சமாவது தெரிகிறதா? ஒரு இலக்கம் தெரிந்தாலும் சொல்லுங்கள்.