தொட்டில் வளைவுக்கு வைத்த தேக்குச் சட்டம் மூன்றும் பிளந்துவிட்டது, ஆவி போதவில்லையா?

சென்னிமலைக்காரர்:

வணக்கம்ங்க. மகளுக்கு ஐப்பசியில் பிரசவம். பேரப்பிள்ளைக்கு அப்புச்சி கையால் செய்த தொட்டில் ஒன்று இருக்கட்டும் என்று ஆரம்பித்தேன். கைத்தறி இருந்த கொட்டகை இப்போது காலியாகக் கிடக்கிறது, அதில்தான் வேலை. தொட்டிலின் உடம்பு முடிந்துவிட்டது. மேலே கொசுவலை போட இரண்டு அரைவட்ட வளைவு வேண்டும். உள்விட்டம் 600 மி.மீ. சட்டம் 40 மி.மீ. அகலம், 20 மி.மீ. கனம்.

மரம், பழைய வீடு இடித்த இடத்தில் வாங்கிய தேக்கு. 4 அங்குல பிவிசி பைப்புக்குள் சட்டத்தை வைத்து, குக்கரிலிருந்து ஹோஸ் வழியாக ஆவி விட்டேன். முதல் சட்டத்துக்கு ஒரு மணி நேரம். அச்சில் பாதி வளைவதற்குள் வெளிப்பக்கம் சிலாம்பு கிளம்பி, படாரென்று பிளந்துவிட்டது. ஆவி பத்தவில்லை என்று நினைத்து அடுத்ததற்கு 2 மணி நேரம் வைத்தேன், அதுவும் பிளந்தது. மூன்றாவதற்கு 3 மணி நேரம். அது உள்பக்கம் சுருங்கிக் கசங்கி, வெளிப்பக்கமும் முறிந்துபோனது.

இன்னும் ஒரே சட்டம்தான் கையில் இருக்கிறது. அதை 5 மணி நேரம் வைக்கலாமா? இல்லை, இரண்டு நாள் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டு வைக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்க.

பொள்ளாச்சி மரமில்:

அண்ணா, அந்தக் கடைசிச் சட்டத்தை இப்போதைக்குத் தொட வேண்டாம். மூன்று விஷயம் தெரிய வேண்டும். சட்டத்தின் விளிம்பைப் பார்த்தால் ரேகை (மர நார் ஓடும் கோடு) முனைக்கு முனை நேராக ஓடுகிறதா, நடுவில் பக்கவாட்டில் வெளியேறிவிடுகிறதா? ஆவிக் குழாய்க்கும் அச்சுக்கும் எவ்வளவு தூரம்? வளைக்கும்போது வெளிப்பக்கம் இரும்புப் பட்டை ஏதாவது வைத்தீர்களா, சும்மா மரத்தை மட்டும் இழுத்தீர்களா?

சென்னிமலைக்காரர்:

ரேகையை இப்போதுதான் கவனிக்கிறேன். இரண்டு சட்டத்தில் ரேகை வெளியேறும் இடத்தில்தான் சிலாம்பு கிளம்பியிருக்கிறது. அடுப்பு வாசலில், அச்சு கொட்டகைக்குள், பதினைந்து எட்டு நடை தூரம் இருக்கும். பட்டை எதுவும் வைக்கவில்லைங்க. மரத்தை மட்டும்தான் கிளாம்ப் போட்டு இழுத்தேன்.

பொள்ளாச்சி மரமில்:

அப்படியென்றால் ஆவி நேரத்தில் குறை இல்லை அண்ணா. ஒரு அங்குல கனத்துக்கு ஒரு மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. உங்கள் 20 மி.மீ. சட்டத்துக்கு 50 நிமிடமே போதும். முதல் சட்டத்திலேயே பதம் வந்துவிட்டது. அதற்கு மேல் வேக வைத்தால் மரம் சத்து இழந்து, மூன்றாவது சட்டம் போல உள்பக்கம் கசங்கும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். உங்கள் அரைவட்டத்தின் உள் ஆரம் 300, வெளி ஆரம் 320. உள்பக்க நீளம் 942 மி.மீ., வெளிப்பக்க நீளம் 1005 மி.மீ. நேராக இருந்தபோது இரண்டும் ஒரே நீளம். வளைந்ததும் 63 மி.மீ. வித்தியாசம் வருகிறது. மரம் இதை எங்கிருந்து கொண்டுவரும்? சும்மா இழுத்தால் நடுக்கோடு மட்டும் அப்படியே நிற்க, வெளிப்பக்கம் 3 சதவீதத்துக்கு மேல் நீள வேண்டியிருக்கும். வெந்த மரம்கூட நீளவாக்கில் 1, மிஞ்சினால் 2 சதவீதம்தான் நீளும். ஆனால் சுருங்குவது வேறு கதை. நாருக்கு நடுவே பசை போல இருக்கும் லிக்னின் சூட்டிலும் ஈரத்திலும் இளகிவிடுவதால், நல்ல மரம் 20 சதவீதத்துக்கு மேல்கூடச் சுருங்கிக் கொடுக்கும்.

ஆகவே வெளிப்பக்கத்தை நீள விடக் கூடாது. நீளாத இரும்புப் பட்டை ஒன்றை வெளிப்பக்கம் ஒட்டி வைத்து, அதன் இரு முனையிலும் கட்டை பொருத்தி, சட்டத்தை அந்த இரண்டுக்கும் நடுவே இறுக்கமாக உட்கார வையுங்கள். வளைக்கும்போது இழுவை முழுவதையும் பட்டை வாங்கிக்கொள்ளும், மரம் சுருங்க மட்டுமே செய்யும். மைக்கேல் தோனெட் என்பவர் 19ஆம் நூற்றாண்டில் பீச் மரத்தை வளைத்து நாற்காலி செய்தது இப்படி இரும்புப் பட்டை கட்டித்தான். 1859இல் வந்த அவருடைய 14ஆம் எண் நாற்காலியின் வளைவுகளைப் பாருங்கள், ஓரிடத்திலும் சிலாம்பு இருக்காது.

பட்டைக்கு அலைய வேண்டாம். எந்த மரமில்லில் கேட்டாலும் மரம் அறுத்துப் பல் தேய்ந்த பேண்ட்சா (நாடா வாள்) பிளேடு பழைய இரும்பு விலைக்குக் கிடைக்கும். அதில் ஒரு துண்டு வெட்டி, பல்லை கிரைண்டரில் சுத்தமாக எடுத்துவிடுங்கள். அகலமும் சரியாக வரும்.

ஊத்துக்குளி ஆசாரி:

தம்பி கணக்கு சரி. மரத்தைப் பற்றி நான் சொல்கிறேன். இடித்த வீட்டுத் தேக்கு பலகைக்கும் சட்டத்துக்கும் ராஜா. ஆனால் ஐம்பது அறுபது வருசம் கூரைக்கு அடியில் காய்ந்தது, 12 சதவீத ஈரம் இருந்தாலே அதிகம். தேக்கில் எண்ணெய் வேறு இருக்கிறது. இரண்டு நாள் ஊறப் போட்டாலும் தோல்தான் நனையும், உள்ளே போகாது. வளைக்கிற மரம் பாதி காய்ந்ததாக, 20, 25 சதவீத ஈரத்தோடு இருக்க வேண்டும். சூளையில் காய வைத்ததும் ஆகாது.

எங்கள் அப்பா காலத்தில் மரத்தை ஆவியில் வளைத்துப் பார்த்ததில்லை. கலப்பைக்குக் கருவேல மரத்தில் இயல்பாக வளைந்த கிளையைத் தேடிப் பிடிப்பார்கள். வண்டிச் சக்கரத்து வட்டையும் வளைத்ததல்ல, துண்டு துண்டாக வளைவில் அறுத்துச் சேர்த்தது. அறுத்த வட்டையில் ரேகை குறுக்கே போனாலும், சூடேற்றி மாட்டிய இரும்புப் பட்டா குளிர்ந்து இறுகி அத்தனையையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். உங்கள் தொட்டில் வளைவு 20 மி.மீ. கனம்தான், அதற்குப் பட்டா கிடையாது. அறுத்துச் செய்தால் குறுக்கு ரேகையில் ஒடிந்துவிடும். நீங்கள் வளைக்க நினைத்ததே சரி.

என்னைக் கேட்டால் மல்பெரி மரம் பாருங்கள். வடக்கே ஹாக்கி மட்டைக்கு வளைப்பது அந்த மரம்தான். கோபி, உடுமலைப் பக்கம் பட்டுப்புழுவுக்கு மல்பெரி வைத்தவர்கள் நிறைய. கவாத்து பண்ணுகிற செடி உதவாது. வேலியோரம் மரமாக விட்டது எங்காவது நிற்கும். கணு இல்லாத அடித்துண்டு வாங்கி, அறுக்காமல் ஆப்பு அடித்துப் பிளந்து எடுங்கள். பிளந்தால் ரேகை போகிற போக்கில்தான் துண்டு வரும், உங்களுக்கு வந்த சிலாம்புக்கு இடமே இருக்காது.

பெருந்துறை மெக்கானிக்:

குக்கர் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சேஃப்டி வால்வைக் கழற்றியோ அடைத்தோ இருந்தால் உடனே நிறுத்துங்க. ஹோஸ் எங்காவது மடங்கி அடைத்தால் அது வெடிகுண்டு. நமக்கு அழுத்தம் தேவையே இல்லை, 100 டிகிரி ஆவி நிறைந்து நின்றால் போதும். பெட்டியின் ஒரு முனையில் ஆவி வெளியேற ஓட்டை கட்டாயம். பெட்டியைச் சற்றுச் சாய்த்து வைத்தால் தண்ணீர் வடிந்துவிடும். பிவிசி அந்தச் சூட்டில் இளகித் தொய்யும், உங்களுடையதும் இந்நேரம் வளைந்திருக்கும். பலகையில் நீளப் பெட்டி ஒன்று அடித்து, மேலே சாக்கு சுற்றிவிடுங்க. உள்ளே மரத்தைத் தரையில் படாமல் குறுக்குக் குச்சி மேல் வைத்தால் நாலு பக்கமும் ஆவி படும்.

அப்புறம் அந்தப் பதினைந்து எட்டு! இது ஆடி மாசம்ங்க. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வாசலில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் கொட்டகைக்குள் நுழைவதற்குள் மேல்தோல் ஆறிவிடும். வெளியே எடுத்த ஒரு நிமிடத்துக்குள் வளைவு முடிய வேண்டும். பெட்டி அச்சுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

கோவை பீளமேடு:

அண்ணா, ஆவி இல்லாமலும் முடியும். மிச்சமிருக்கும் தேக்கை 3 மி.மீ. பட்டைகளாக அறுத்து இழைத்தால் 300 ஆரத்துக்குச் சூடு இல்லாமலே வளையும். பசை தடவி, அச்சில் அடுக்கி, ஒரு நாள் விட்டால் அப்படியே நிற்கும். தேக்கில் எண்ணெய் இருப்பதால் பசை போடும் முன் தின்னரில் துடைத்துவிடுங்கள்.

சென்னிமலைக்காரர்:

எல்லாருக்கும் நன்றிங்க. தம்பி சொன்ன அடுக்கு முறையைக் கடைசி வழியாக வைத்துக்கொள்கிறேன். குழந்தை வாய் வைக்கும் தூரத்தில் பசை வேண்டாம் என்று வீட்டில் சொல்கிறார்கள், எனக்கும் ஒரே மரமாக வளைந்து நிற்பதைப் பார்க்க ஆசை. பிளேடு கிடைத்துவிட்டது. முனைக்கட்டையை வெல்டிங் வைக்கலாமா?

பெருந்துறை மெக்கானிக்:

வேண்டாம். அந்த பிளேடு எஃகு வெல்டிங் பட்ட இடத்தில் கண்ணாடி போல நொறுங்கும். கார்பைடு பிட்டில் மெதுவாகத் துளை போட்டு போல்ட் மாட்டுங்க. மரக்கட்டையில் ஸ்க்ரூ மட்டும் போட்டால் நிற்காது, அந்த முனையில் வரும் தள்ளு விசை உங்களை ஆச்சரியப்படுத்தும்.

சென்னிமலைக்காரர் (மூன்று வாரம் கழித்து):

ஒரு வளைவு நின்றுவிட்டதுங்க!

மல்பெரி மரம் கோபிக்குப் பக்கத்தில் சொந்தக்காரர் தோட்டத்து வேலியில் கிடைத்தது. ஆசாரி ஐயா சொன்னபடி ஆப்பு அடித்துப் பிளந்தேன். முதல் முயற்சியில் நான் அவசரப்பட்டு முனைக்கட்டைக்கு ஸ்க்ரூ போட்டேன், பாதியில் பிய்த்துக்கொண்டு வந்தது. அந்த இடத்தில் உடனே வெளிப்பக்கம் பிளந்தது. மறுநாள் 8 மி.மீ. ஆங்கிள் இரும்பு வைத்து போல்ட் போட்டேன். இரண்டு முனையிலும் 100 மி.மீ. கூடுதலாக விட்டு 1200 மி.மீ. துண்டு, 50 நிமிட ஆவி. கையுறை போட்டுக்கொண்டு நானும் மச்சினனும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தோம். மரம் முனகக்கூட இல்லை. அந்த இளக்கத்தைக் கையில் உணர்ந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஒரு வாரம் அச்சிலேயே விட்டு, இன்று கழற்றினேன். 600 இருக்க வேண்டிய வாய் 614 ஆக விரிந்திருக்கிறது. பட்டை தொட்ட பக்கம் கரு நீலக் கறை வேறு. இதற்கு என்ன செய்யலாம்?

ஊத்துக்குளி ஆசாரி:

விரிவது இயல்பு. காற்றுபடாத நிழலில் வைத்து, வாய்க்குக் குறுக்கே ஒரு ரீப்பர் அடித்து 600இல் பிடித்து வையுங்கள், இன்னும் இரண்டு வாரம். அச்சை மாற்றாதீர்கள், இரண்டாவதும் இதே அளவு விரிந்தால்தான் ஜோடி சேரும். கறை மரத்துச் சாறும் இரும்பும் சேர்ந்து வருவது. மேலோடு இழைத்தால் போய்விடும். அடுத்த முறை நடுவே ஒரு பாலித்தீன் தாள் விரித்துவிடுங்கள்.

சென்னிமலைக்காரர்:

சரிங்க ஐயா. ரீப்பர் அடித்துவிட்டேன். இரண்டாவது சட்டத்துக்கு நாளைக் காலை காற்று எழும் முன் 6 மணிக்கே அடுப்பு மூட்டுகிறேன்.