பொருள்: பேக் கம்ப்ரஷனுக்குத் தமிழ்ல என்ன? (திங்கக்கிழமை கிளாஸ், அவசரம்)

நாமக்கல்லிலிருந்து:

கலைச்சொல் குழுவுல எல்லாருக்கும் வணக்கம். நான் ஐடிஐ-ல டீசல் மெக்கானிக் டிரேட் பாடம் நடத்தறேன்னு முன்னாடியே சொல்லியிருக்கேன். பழைய லாரி வாங்கப்போனா இஞ்சினை எப்படிப் பாக்கறதுன்னு பசங்களுக்கு 6 பக்க நோட்ஸ் அடிச்சிட்டிருக்கேன், திங்கக்கிழமை ஜெராக்ஸ் குடுத்தாகணும், ஒரு சொல்லுல மாட்டிக்கிட்டு நிக்கிறேன்.

எங்க மச்சான் போன வருஷம் செகண்ட்ஹேண்ட்ல ஒரு ஆறு சக்கரம் வாங்கினார். ஐடில்ல (ஆக்சிலேட்டர் மிதிக்காம இஞ்சின் ஓடறப்ப) நின்னா கேபின் கண்ணாடி கடகடன்னு ஆடும், பெல் ஹவுசிங் (இஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ற எடத்துல இருக்கற கூடு) அடியில ஆயில் சொட்டும். பட்டறையில இஞ்சினோட பின்பக்க ஆயில் சீல் போச்சுன்னு கியர்பாக்ஸை இறக்கி மாத்துனாங்க, 2 மாசத்துல மறுபடி சொட்டு, மறுபடி இறக்கி மறுபடி சீல். நான் போயி ஆயில் ஊத்துற மூடியைக் கழட்டி வாய்மேல சும்மா கவுத்து வெச்சேன், சூடான தோசைக்கல்லுல தண்ணி தெளிச்ச மாதிரி குதிக்குது. இஞ்சின் உள்ள சேர்ற காத்தை வெளிய விடுற பிரீதர் பைப்பை ஊதிப் பாத்தேன், அடைப்பு இல்ல. அப்புறம் பம்புலேர்ந்து நாசிலுக்குப் போற பைப் நட்டை ஒவ்வொண்ணா லூஸ் பண்ணேன், லூஸ் பண்ணா அந்த சிலிண்டருக்கு டீசல் போகாது. 5 சிலிண்டருக்கு இஞ்சின் சத்தம் எறங்குச்சு, 4-வதுல மட்டும் பெருசா ஒரு மாத்தமும் இல்ல. நாசிலை மாத்திப் போட்டும் அதே கதை. பிரிச்சா பிஸ்டன் ரிங் உடைஞ்சு கெடக்கு. வெடிச்ச புகை ரிங்கைத் தாண்டி கீழ ஆயில் தேங்குற சம்புக்குள்ள போயி அங்க பிரஷர் ஏறி, புது சீலா இருந்தாலும் ஆயிலை வெளிய தள்ளிவிட்டுருது. உதறலும் ஒழுகலும் ஒரே நோவு!

இந்தப் புகை கீழ எறங்குறதுக்கு புஸ்தகத்துல புளோ-பை, பட்டறையில பேக் கம்ப்ரஷன். பேக் கம்ப்ரஷன்னா பையன் கம்ப்ரஷன் என்னமோ திரும்பி வருதுன்னு நினைச்சுக்கறான். நல்லதா ஒரு சொல் குடுங்க சாமி.

கோவையிலிருந்து:

'ஊதுக்கசிவு'ன்னு போடலாமே. ஊதுது, கசியுது, ரெண்டும் வந்துருச்சு.

உதறலுக்கு ஒரு கணக்கு, பசங்களுக்குச் சொல்லுங்க. நாலு ஸ்ட்ரோக் இஞ்சின் ஐடில்ல நிமிஷத்துக்கு 600 சுத்து சுத்துனா ஒரு சிலிண்டர் 300 தடவை வெடிக்கணும். அது செத்துப்போனா விநாடிக்கு 5 குலுக்கல். ஆறு சிலிண்டரும் 1-5-3-6-2-4னு வரிசையா வெடிச்சு வர்றதுல ஒரு எடம் காலி, அதான் வண்டி நொண்டுது.

மதுரையிலிருந்து:

தம்பி, 'ஊதுக்கசிவு' அன்று, 'ஊதுகசிவு'. வினைத்தொகையில் வலி மிகாது. ஊறுகாய், சுடுகாடு என்று தினமும் சொல்கிறோமே, ஊறுக்காய் என்றா சொல்கிறோம்?

அது கிடக்கட்டும். ஆசிரியர் 'உதறல்' என்று எழுதியிருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. தொல்காப்பியர் உரியியலில் "அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கஞ் செய்யும்" என்கிறார். இரண்டுக்கும் நடுக்கம்தான் பொருள். நாம் வண்டி ஓடும்போது வருவதை அதிர்வு, நின்றபடி நடுங்குவதை விதிர்ப்பு என்று பிரித்துக்கொண்டால் எவ்வளவு அழகான பாகுபாடு! "மெய்தான் அரும்பி விதிர்விதிர்த்து" என்று மணிவாசகர் உருகியதை ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து உணரலாம். கசிவுக்கும் அப்படித்தான், 'கசிந்துருகி'யில் உள்ள கசிவு வேறு, 'ஒழுகு' வேறு (ஒழுக்கம் அங்கிருந்துதான் வந்தது), "புல்லுக்கும் ஆங்கே பொசியுமாம்" என்ற பொசிவு வேறு. பேக்கிங் ஓரத்தில் ஈரமாக நிற்பது பொசிவு. சொட்டினால் ஒழுக்கு.

நாமக்கல்லிலிருந்து:

ஐயா, பொசிவு ஒழுக்கு பாகுபாடு நெஜமாவே உதவும், எடுத்துக்கறேன். பொசிஞ்சா துடைச்சுட்டு ஓட்டலாம், ஒழுகுனா வெலையைக் கொறைச்சுக் கேக்கணும், அவ்ளோதான் வியாபாரம். ஆனா விதிர்ப்புன்னு போர்டுல எழுதுனா பசங்க என்னைப் பாத்து விதிர்விதிர்த்துருவாங்க. உதறல் இருக்கட்டுங்க. ஐடில்ல உதறி, ஆக்சிலேட்டர் குடுத்தா அடங்குனா சிலிண்டர்ல கோளாறு, ஏற ஏற அதிர்வும் ஏறுனா சுத்துற சாமான் எதோ பேலன்ஸ் இல்ல. அதிர்வு, உதறல், ரெண்டு சொல்லு எனக்குப் போதும்.

நான் கேட்டது இன்னும் வரல.

யாழ்ப்பாணத்திலிருந்து:

உந்த 'கசிவு' எண்டு முடிஞ்சாலே ஒயில் கசிவோட குழம்பிப்போடும் பாருங்கோ. இஞ்ச கசியிறது வாயு. முன்னம் இதே குழுவில ஒருத்தர் 'வளிக்கசிவு' எண்டு எழுதினவர், எங்கட பாடப்புத்தகத்தில வளி எண்டால் காற்று, வாயு வேற. வளிக்கசிவு எண்டால் இஞ்சத்தைப் பெடியள் ரயரில காத்து இறங்கிப்போச்செண்டு நினைப்பினம். 'வளையங்கடந்த வாயு' எண்டு நீளமாப் போட்டாலும் பொருள் சரி. பிரஷருக்கு அமுக்கம் எண்டு போடுங்கோ மாஸ்டர்.

கோவையிலிருந்து:

அமுக்கம், அழுத்தம் சண்டை இங்க வேணாங்க, போன தடவை 40 மடல் ஓடுச்சு. அப்புறம் லாரியா, சரக்குந்தா, பாரவூர்தியான்னு போயிடும்.

மதுரையிலிருந்து:

சரக்குந்துதான். அதில் என்ன சண்டை?

சங்ககிரியிலிருந்து:

நான் இந்தக் குழுவுல படிக்கிறதோட சரிங்க, எழுதுறதில்ல. 3 லாரி வெச்சிருந்து இப்ப 1 லாரி வெச்சிருக்கறவன். வாத்தியாருக்கு ரெண்டு விசயம் சொல்லிக்கறனுங்க. விக்கறவன் இஞ்சினைப் பளபளன்னு கழுவி வெச்சிருந்தா வாங்காதீங்கன்னு மொத பக்கத்துல போடுங்க, இல்லாட்டி ஒரு 20 கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து மேலேருந்து கீழ பாக்கணும், இஞ்சின் தலைமேல இருக்கற டேப்பட் கவர்ல வுடுற ஆயிலு ஃபேன் காத்துல பின்னால ஓடி பெல் ஹவுசிங்ல வந்து நிக்கும், சீல் மேல பழி. இஞ்சினைத் தாங்குற மவுண்டிங் ரப்பரையும் தொட்டுப் பாக்கச் சொல்லுங்க, ஆயில்ல ஊறி ஊறி அது பன்னு மாதிரி ஆயிரும், அப்ப ரிங்கு நல்லாருந்தாலும் வண்டி உதறும். ஒழுக்குனால வந்த உதறலுங்க அது, வாத்தியார் சொன்னதுக்கு நேரெதிரு.

பேருக்கு வந்தா, எங்க ஃபிட்டர் மூடியைத் தொறந்து பாத்துட்டு "மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குதுங்கோவ்"ம்பாரு. நல்ல இஞ்சினுக்கு மூச்சு மேல போயி சைலன்சர்ல போகணும். ரிங்கு போனா கீழ எறங்கும். கீழ்மூச்சுன்னு வெச்சுக்கலாமில்லீங்களா?

நாமக்கல்லிலிருந்து:

அண்ணே!!! கீழ்மூச்சு. பிரீதருக்கு மூச்சுக்குழாய்னு ஏற்கெனவே போட்டிருக்கேன், ரெண்டும் ஜோடி சேந்துருச்சு. மூச்சுக்குழாய் அடைச்சாலும் மூடி குதிக்கும், அதை மொதல்ல கழுவிட்டு அப்புறம் கீழ்மூச்சு பாருன்னு ஒரே வரில எழுதிடலாம்.

மதுரையிலிருந்து:

மூச்சு உயிருள்ளவற்றுக்கு உரியது. இரும்புக்கு ஏது மூச்சு?

கோவையிலிருந்து:

ஊசிக்குக் காது இருக்கு, கெண்டிக்கு மூக்கு இருக்கு, குடத்துக்கு வாய் இருக்கு, நாற்காலிக்குக் கால் இருக்கு. இஞ்சினுக்கு மூச்சு இருந்துட்டுப் போகட்டும் ஐயா.

யாழ்ப்பாணத்திலிருந்து:

சொல் வடிவாத்தான் இருக்கு. ஆனால் இஞ்சின் காத்தை உள்ள இழுக்கிறதையும் மூச்செண்டு சொல்லுறவை, அப்ப மேல்மூச்சு எது? வாயு எண்ட சொல் எங்கயாவது வரவேணும் எண்டதுதான் என்ர நிலைப்பாடு. மாஸ்டருக்கு அவசரமெண்டால் போடுங்கோ, நான் ஒப்பேல்லை எண்டு மட்டும் குறிச்சுக்கொள்ளுங்கோ.

நாமக்கல்லிலிருந்து:

மணி 11 ஆச்சு. கீழ்மூச்சுன்னு போட்டு அடைப்புக்குள்ள பேக் கம்ப்ரஷன்னு குடுத்துட்டேன், வேலைக்குப் போனா பட்டறையில அதானே கேப்பாங்க. ஊதுகசிவு, வளையங்கடந்த வாயு ரெண்டையும் கடைசிப் பக்கத்துல 'வேறு பெயர்கள்'னு போட்டாச்சு. எல்லாருக்கும் நன்றி. சங்ககிரி அண்ணே, மவுண்டிங் ரப்பர் விசயத்தை அப்படியே உங்க வார்த்தையிலயே எடுத்துக்கிட்டேன், பன்னு உட்பட.

மதுரையிலிருந்து:

விதிர்ப்பை 'வேறு பெயர்க'ளில்கூடச் சேர்க்கவில்லையா?

சங்ககிரியிலிருந்து:

வாத்தியாரே, மச்சான் அந்த வண்டியை விக்கறாருங்களா? ரிங்கு மாத்தியாச்சுன்னா நான் வந்து பாக்கறனுங்க. கழுவ வேண்டாமுன்னு சொல்லி வையுங்க.