எம்பதிக்குத் தமிழ்: ஒத்துணர்வா, பரிவா, கண்ணோட்டமா?

மருதன் எழுதியது:

வணக்கம்.

சமூக உளவியல் பாடநூலின் ஓர் இயல் தமிழாகிறது. எம்பதி, அதாவது அடுத்தவர் உணர்வை நாமும் உணர்வது, தானாகச் சுரப்பதா, நாம் தெரிந்தெடுப்பதா, அது ஏன் ஆள் பார்த்து வருகிறது என்பதுதான் பொருள். புழக்கத்தில் ஐந்து சொற்கள் இருக்கின்றன: ஒத்துணர்வு, பரிவு, பச்சாதாபம், அனுதாபம், புரிந்துணர்வு. எதை எடுத்தாலும் கீழுள்ள மூன்று வாக்கியங்களில் ஒன்றாவது உடைகிறது.

அ. உழைப்பு கூடுதல் என்று தோன்றியதால் பங்கேற்றோர் எம்பதியைத் தவிர்த்தனர்.
ஆ. ஒரு குழந்தைமீது எம்பதி கூடியபோது மற்றக் குழந்தைகளுக்கு அநீதி நடந்தது.
இ. ஏமாற்றுக்காரனுக்கும் எம்பதி உண்டு. அதை வைத்துத்தான் ஏமாற்றுகிறான்.

'பரிவு' என்று போட்டால் 'இ' சிரிப்பாகிவிடுகிறது. 'புரிந்துணர்வு' என்றால் 'ஆ'வில் யாரோ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதுபோல் இருக்கிறது. 'உணர்வேற்பு' என்று புதிதாக ஒன்று செய்து பார்த்தேன். ஏற்பது நம் விருப்பம் என்ற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது. உங்கள் கருத்து?

செவ்வந்தி எழுதியது:

மருதன், உணர்வேற்பு வேண்டாம். உயிரியலில் 'ஏற்பி' (ரிசப்டர்) நிலைத்துவிட்ட சொல். உணர்வேற்பி என்றால் மாணவர் தோலையும் நாக்கையும்தான் நினைப்பார். ஒத்துணர்பவரைக் குறிக்க அதிலிருந்து ஒரு பெயர் ஆக்கவே முடியாது.

பச்சாதாபமும் போகட்டும். வடமொழியில் அது பின்னால் வரும் தாபம், செய்துவிட்டு வருந்துவது. நம் 'கழிவிரக்கம்' அதற்கு நேர். தமிழில் இரக்கம் என்று பொருள் மாறிவிட்டது, சரி. ஆனால் மேலே நின்று கீழே பார்க்கும் இரக்கம் அது. அனுதாபம் இரங்கற் கூட்டத்துக்கும் தேர்தல்நேர 'அனுதாப அலை'க்கும் போய்விட்டது, சிம்பதிக்கே இருக்கட்டும்.

வேர்ச்சொல்லைப் பார்த்துப் பெயர்க்கலாம் என்று யாராவது கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலச் சொல்லுக்கு வயது நூறு சொச்சம்தான். ஜெர்மனின் 'ஐன்ஃப்யூலுங்'குக்கு ஈடாக 1909இல் எட்வர்ட் டிட்ச்னர் கிரேக்க வேரிலிருந்து செய்தது. அந்த ஜெர்மன் சொல்லை 1873இல் ராபர்ட் ஃபிஷர் கையாண்டது கலை ரசனைக்காக. தூணையோ மலையையோ பார்ப்பவர் தம் உணர்வை அதற்குள் செலுத்துவதைச் சொன்னார். அடுத்தவர் துயரம் அங்கே பேச்சிலேயே இல்லை. தியோடர் லிப்ஸ்தான் அதை மனிதர் பக்கம் பெரிதாகத் திருப்பினார். இன்றைய கிரேக்கத்திலோ 'எம்பாதியா' என்றால் காழ்ப்பு! ஆகவே வேரை விட்டுவிட்டு, சொல் இன்று என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

ஐந்து வேலை செய்கிறது, அதுதான் வம்பு. ஒரு குழந்தை அழ, தொட்டில் வரிசையே அழுகிறது. யாருடைய அழுகை என்ற தெளிவு இல்லை. இது உணர்வுத் தொற்று. அவருடைய வலி என்று தெரிந்தே எனக்கும் வலித்தால் உணர்வுப் பகிர்வு. எனக்கு எதுவும் வலிக்காமல் அவர் நிலையைச் சரியாகக் கணித்தால் உளநிலை அறிதல். அவருக்கு நல்லது நடக்க வேண்டும் என்ற அக்கறை பரிவு. ஐந்தாவது, அவர் துயரத்தைக் கண்டு நான் கலங்கி, என் கலக்கம் தீர இடத்தைவிட்டு நகர்வது. தற்கலக்கம் என்று வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் 'இ' வாக்கியம் மூன்றாவதைப் பற்றியது. 'ஆ' இரண்டிலிருந்து நான்குக்கு வழிவது. ஒரே சொல்லை மூன்று இடத்திலும் ஒட்டினால் உடையாமல் என்ன செய்யும்? குடைச்சொல்லாக 'ஒத்துணர்வு' இருக்கட்டும். உள்ளே பிரிவுகளுக்குத் தனிப்பெயர்.

நல்லாதன் எழுதியது:

அன்பர்களே,

ஆயத்தமாக ஒரு சொல் இருக்கும்போது ஏன் இந்தத் தச்சு வேலை? கண்ணோட்டம். குறளில் 58ஆம் அதிகாரம். தன்னொடு பயின்றாரைக் கண்டால் அவர் கூறியன மறுக்கமாட்டாமை என்று பரிமேலழகர் விளக்குகிறார். 'பயின்றார்' என்பதைக் கவனியுங்கள். பழகிய முகத்தை நோக்கித்தான் இந்தக் குணம் ஓடுகிறது என்பதை வரையறையிலேயே வைத்துவிட்டார்.

மூன்று அதிகாரம் முன்னே செங்கோன்மையில், 541ஆம் குறளில், 'ஓர்ந்துகண் ணோடாது' என்று வருகிறது. அங்கே கண்ணோடுதல் நீதி வழங்குபவன் செய்யக் கூடாத குற்றம், ஒரு பக்கம் சாய்தல். 58இல் அதே கண்ணோட்டம் அரசனுக்கு அணி. முரண்போல் தோன்றும். 'கருமம் சிதையாமல் கண்ணோட வல்லார்க்கு' என்று 578 முடிச்சை அவிழ்க்கிறது. 'வல்லார்' என்றதால் அது ஒரு திறம். கைவந்தவரும் வாராதவரும் உண்டு. மருதனுடைய இயலின் இரண்டு கேள்விகளும் ஒரே வேர்ச்சொல்லில் அடங்கிக் கிடக்கின்றன.

செவ்வந்தி எழுதியது:

ஐயா, 541ஐயும் 578ஐயும் பக்கத்தில் வைத்துக் காட்டியதற்கு நன்றி. இயலின் அடிக்குறிப்பில் அது வந்தே ஆக வேண்டும். ஆனால் தலைச்சொல்லாக முடியாது. வழக்கொழிந்த சொல்லை எழுப்பலாம். வேறு வேலைக்குப் போய்விட்ட சொல்லை இழுத்துவர முடியாது. 'கண்ணோட்டம் கூடியதால் நியாயம் குறைந்தது' என்ற வாக்கியத்தை இன்றைய மாணவர் 'பார்வைக்கோணம்' என்றுதான் வாசிப்பார். அந்தப் பொருளிலேயே அதைப் பயன்படுத்துவோம்: அடுத்தவர் இடத்தில் நின்று பார்க்கும் பயிற்சிக்குப் பிறர் கண்ணோட்டம் கொள்ளல்.

நீங்கள் பிடித்த 'வல்லார்'தான் இங்கே முக்கியம். கலைச்சொல்லுக்கு விருப்பத்தைத் தாங்கும் வினை வேண்டும். டாரில் கேமரன் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். திரையில் இரண்டு சீட்டுக்கட்டுகள். ஒன்றிலிருந்து எடுத்தால் அகதிக் குழந்தையின் படம் வரும். அந்தக் குழந்தை என்ன உணர்கிறது என்று தாமும் உணர்ந்து எழுத வேண்டும். இன்னொன்றில் எடுத்தால் வயது, தோற்றம் என்று வெளியே தெரிவதை விவரித்தால் போதும். ஒவ்வொரு முறையும் எந்தக் கட்டு என்பது அவரவர் விருப்பம். 11 ஆய்வுகள், 1,204 பேர். 'உணர்' கட்டைத் தொட்டது சராசரியாக 35 விழுக்காடு முறைதான். சோகம் பிடிக்காமல் ஒதுங்கினார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. மகிழ்ச்சியான முகங்கள் வந்த கட்டையும் ஒதுக்கினார்கள். 'மண்டைக்கு வேலை அதிகம், நமக்கு இது சரியாக வராது' என்று நினைத்தவர்களே அதிகம் தவிர்த்தார்கள். 'இதில் நீங்கள் 95 விழுக்காட்டினரைவிடத் தேர்ந்தவர்' என்று பாதிப் பேரிடம் சொன்னதும் அவர்கள் அந்தக் கட்டை எடுப்பது கூடியது.

இதை எழுத 'ஒத்துணர்' வளைந்து கொடுக்கிறது: ஒத்துணர மறுத்தார், ஒத்துணர்க, ஒத்துணராமை, ஒத்துணர்வுத் தவிர்ப்பு. 'பரிவு' இந்த அளவுக்கு வளையாது. அதோடு, 'அவனுக்குப் பரிந்து பேசுகிறாள்' என்றால் ஒருவன் கட்சி எடுப்பது என்று ஆகிவிடுகிறது. (தமிழ் ஏற்கெனவே தெளிவாகத்தான் இருந்திருக்கிறது!)

'ஒத்து' என்பதில் ஒரு குறை, அதையும் சொல்லிவிடுகிறேன். உணர்வு உண்மையிலேயே ஒத்துப்போனது என்ற உறுதியை அது தந்துவிடுகிறது. ஒத்ததாக நாம் எண்ணிக்கொள்வதும் ஒத்துணர்வுதான். எவ்வளவு சரியாகக் கணித்தோம் என்பது வேறு அளவை, அதற்கு ஒத்துணர்வுத் துல்லியம். இந்தத் துல்லியத்தில் பெண்களுக்கும் ஆண்களுக்கும் தெரிந்த இடைவெளி, சரியான கணிப்புக்குக் காசு தருகிறோம் என்றதும் மறைந்துபோனதாக கிளைன், ஹாஜஸ் இருவரும் 2001இல் காட்டினார்கள். திறன் இருக்கிறது, முனைப்புதான் வேண்டும்.

வன்னியூரான் எழுதியது:

செவ்வந்தி அக்கா, ஒரு இடத்தில் நில்லுங்கோ. சீட்டை எடுப்பது தெரிவுதான், ஒப்புக்கொள்கிறேன். சீட்டைத் திருப்பிய பிறகு உணர்வு வருவதும் வராததும் தெரிவா? இந்தச் சோதனை அளப்பது வாசலைத் திறக்கிறோமா என்பதை மட்டும்தான். 'ஒத்துணர்வு ஒரு தெரிவு' என்று இயலில் மொட்டையாக எழுதினால் கூடுதலாகச் சொன்னதாகும். 'ஒத்துணர்வில் ஈடுபடுவது பெரும்பாலும் தெரிவு' என்று போடுங்கோ. 2013இல் வந்த மெஃபர்ட் குழுவின் மூளைப்பட ஆய்வையும் பக்கத்தில் வைக்கலாம். உளப்பிறழ்வுக் (சைக்கோபதி) குற்றவாளிகள் கைகளைத் துன்புறுத்தும் காட்சியைச் சும்மா பார்த்தபோது மூளை எதிர்வினை குறைவாக இருந்தது. 'அவர்களோடு சேர்ந்து உணருங்கள்' என்று சொன்னதும் மற்றவர்களோடு இருந்த இடைவெளி பெருமளவு சுருங்கியது. வாசல் இருக்கிறது, வழமையாகப் பூட்டிக் கிடக்கிறது.

'தேர்வு' என்று மட்டும் எழுத வேண்டாம். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பரீட்சை என்று நினைப்பார்கள். எங்கள் ஈழப் பக்கத்துத் 'தெரிவு' இங்கே சரியாக நிற்கும்.

அடுத்தது பயஸ் (bias). பாரபட்சம், ஓரவஞ்சனை, பக்கச்சார்பு, சாய்வு என்று நான்கு இருக்கின்றன. ஓரவஞ்சனையில் வஞ்சனை இருக்கிறது. தெரிந்தே செய்த துரோகம் என்றாகிவிடும், ஆகவே தள்ளுபடி. மிச்சத்தில் ஒன்றைத் தேர்வதைவிட இரண்டை வைத்துக்கொள்வது நல்லது என்று நினைக்கிறேன், ஏனென்றால் இங்கே இரண்டு வெவ்வேறு பிழைகள் நடக்கின்றன.

ஒன்று, நம்மவர் - மற்றவர் என்ற கோடு. அவெனான்டி குழு 2010இல் இத்தாலியில் வெள்ளையரையும் கறுப்பரையும் அழைத்து, கையில் ஊசி இறங்கும் காணொளியைக் காட்டி, பார்ப்பவரின் கைத்தசைக்கான நரம்பு எதிர்வினையை அளந்தது. தம் இனத்தவர் கைக்கு வந்த எதிர்வினை மற்ற இனத்தவர் கைக்கு வரவில்லை. பழக்கமில்லாத நிறம் என்பதாலா? அதைச் சோதிக்க ஊதா நிறம் ஏற்றிய கை ஒன்றையும் காட்டினார்கள். உலகத்தில் எவருக்கும் இல்லாத நிறம்; அதற்கு எதிர்வினை வந்தது! ஆகத் தடுத்தது அறிமுகமின்மை அல்ல, கூடவே வந்த முன்முடிவு. இதற்குப் பக்கச்சார்பு பொருத்தம், ஏனென்றால் இங்கே உண்மையில் பக்கங்கள் இருக்கின்றன.

கோடு அசையக்கூடியது என்பதையும் சேர்க்க வேண்டும். லெவைன் குழுவின் 2005 ஆய்வில் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள், விழுந்து கால் நொந்த ஓட்டக்காரர் லிவர்பூல் சட்டை போட்டிருந்தால் பெரும்பாலும் கடந்து போனார்கள். 'கால்பந்து ரசிகர்' என்ற பொது அடையாளத்தை முன்கூட்டி நினைவூட்டியபோது லிவர்பூல் சட்டைக்கும் உதவினார்கள். எந்த அணியின் அடையாளமும் இல்லாத சட்டைக்காரர் அப்போதும் வெளியில்தான். கோடு அழியவில்லை, தள்ளிப் போடப்பட்டது.

இரண்டாவது பிழையில் பக்கமே கிடையாது, வெளிச்சம் விழும் இடம்தான் கணக்கு. ஸ்மால், லோவன்ஸ்டைன், ஸ்லோவிக் 2007: கையில் ஐந்து டாலர். மாலி நாட்டு ஏழு வயதுச் சிறுமி ரோக்கியாவின் கதையைப் படித்தவர்கள் சராசரி 2.38 டாலர் கொடுத்தார்கள். பட்டினியின் புள்ளிவிவரம் மட்டும் படித்தவர்கள் 1.14. இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் 1.43. எண்களைச் சேர்த்ததும் சிறுமிக்கே குறைந்துவிட்டது. இதற்குச் சாய்வு போதும்: ஒற்றைமுகச் சாய்வு. கண்முன்னே துவண்ட ஒரு முல்லைக்கொடிக்குத் தேரைக் கொடுத்த பாரியும் இந்தக் கணக்கில்தான் வருவார், பெரியவர்கள் கோபிக்க வேண்டாம்.

நல்லாதன் எழுதியது:

கோபம் இல்லை. பாரி கொடைமடம் (தகுதி, அளவு பாராமல் கொடுத்தல்) பட்டவன் என்று பழையவர்களே சொன்னதுதான். அந்த 'மடம்' சும்மா வந்த சொல் அல்ல. கண்ணோட்டத்தை விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் மருதனின் 'ஆ' வாக்கியத்தில் 'அநீதி' எங்கிருந்து வந்தது என்பதை விளக்காமல் விட்டால் படிப்பவர் ஒத்துணர்வையே பழிப்பார்.

செவ்வந்தி எழுதியது:

ஐயா சொல்வது சரி. அந்த வாக்கியம் டேனியல் பேட்சன் குழுவின் 1995 ஆய்விலிருந்து வந்திருக்க வேண்டும். கொடிய நோயில் இருக்கும் பத்து வயதுச் சிறுமி, ஷெரி. சிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியலில் அவளுக்கு முன்னால் இன்னும் மோசமான நிலையில் குழந்தைகள். அவளை முன்னே நகர்த்தலாமா என்று கேட்டார்கள். பேட்டியை விலகிநின்று கேட்கச் சொன்னவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நகர்த்தினர். அவள் என்ன உணர்கிறாள் என்று கற்பனை செய்யச் சொன்னவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு. மற்றக் குழந்தைகளுக்குக் குரல் இல்லை, பேட்டியும் இல்லை. பால் புளூம் 2016இல் எழுதிய நூலில் ஒத்துணர்வை, ஓரிடத்தில் மட்டும் ஒளி பாய்ச்சும் குவிவிளக்கு என்று குறை சொல்வது இதனால்தான். அவர் மறுப்பது உணர்வுப் பகிர்வை, பரிவை அல்ல. இந்த இரண்டுக்கும் தனிச்சொல் இல்லாவிட்டால் அவருடைய வாதத்தைத் தமிழில் எழுதவே முடியாது. தானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி பயிற்சி ஆய்வுகளும் அப்படியே: வெறும் பகிர்வுப் பயிற்சி எதிர்மறை உணர்வைக் கூட்டியது, அடுத்துத் தந்த பரிவுப் பயிற்சி அதைத் திருப்பியது. செவிலியர் கையேடு எழுதுபவர் இரண்டுக்கும் 'பரிவு' என்றே போட்டால், சோர்ந்துபோனவரிடம் சோர்வுக்கான காரணத்தையே மருந்தாகக் கொடுத்ததாகும்.

மருதன் எழுதியது:

அப்படியானால் கலைச்சொல் பட்டியலில் பதிவு இப்படி:

ஒத்துணர்வு (குடைச்சொல்), உணர்வுத் தொற்று, உணர்வுப் பகிர்வு, உளநிலை அறிதல், பிறர் கண்ணோட்டம் கொள்ளல், பரிவு, தற்கலக்கம், ஒத்துணர்வுத் துல்லியம், ஒத்துணர்வுத் தவிர்ப்பு, ஒத்துணர்வுத் தெரிவு, பக்கச்சார்பு, ஒற்றைமுகச் சாய்வு.

'அ'வில் ஒத்துணர்வு, 'ஆ'வில் உணர்வுப் பகிர்வு, 'இ'யில் உளநிலை அறிதல். மூன்றும் நிற்கின்றன.

ஒன்று மிச்சம். பாதிக்கப்பட்டவர் எண்ணிக்கை கூடக்கூட அக்கறை குறைவதை ஆங்கிலத்தில் சரிவு என்ற பொருளில் சொல்கிறார்கள். 'பரிவுச் சரிவு' எதுகையாகவும் இருக்கிறது.

வன்னியூரான் எழுதியது:

எதுகைக்காக எடுக்க வேண்டாம். சரிவு என்றால் மலை தானே சரிந்ததுபோல் இருக்கும். கேமரன், பெய்ன் 2011 ஆய்வு அதற்கு எதிராகச் சொல்கிறது. சூடானின் டார்ஃபூர் குழந்தைகள் எட்டுப் பேரை அல்லது ஒருவரைக் காட்டினார்கள். பின்னால் நன்கொடை கேட்பார்கள் என்று எதிர்பார்த்தவர்களிடம்தான் எட்டுப் பேருக்கான உணர்வு குறைந்தது. கேட்கப்போவதில்லை என்றால் அந்தக் குறைவு இல்லை. செலவு வரும் என்று தெரிந்து தாங்களே தணித்துக்கொள்கிறார்கள்.

செவ்வந்தி எழுதியது:

'பரிவு அணைப்பு' என்று ஒரு நொடி நினைத்தேன். கட்டிப்பிடிப்பது என்று வாசிப்பார்கள். பரிவுத் தணிப்பு என்று பதியுங்கள், மருதன். 'பரிவுச் சரிவு' என்று தேடி வருபவருக்கு அங்கிருந்து ஒரு சுட்டி போதும்.